எலியின் கூண்டும் நம் மஹல்லாவும்



போதைப்பொருள் எதிர்ப்புக் கூட்டங்களில் ஓர் எலியின் கதை சொல்லப்படுவதுண்டு. கூண்டுக்குள் ஓர் எலி. அதன் முன்னே ஒரு விசை. அழுத்தினால் கொகைன் கிடைக்கும். எலி உணவை மறக்கிறது, உறக்கத்தை மறக்கிறது, விசையை அழுத்தி அழுத்தியே செத்து விழுகிறது. "போதையின் வலிமையைப் பாருங்கள்" என்று பேச்சாளர் முடிக்கிறார். கூட்டம் தலையசைக்கிறது.

கதையில் பொய்யில்லை. ஆனால் அதைச் சொல்வோரும் கேட்போரும் இரண்டு கேள்விகளை விட்டுவிடுகிறார்கள். அந்த எலி ஏன் கூண்டில் இருந்தது? அதனை அங்கே அடைத்தவர்கள் அதற்காகப் பதில் சொல்ல வேண்டியவர்களா, இல்லையா? மார்க்கத்தை வாழ்க்கையின் அளவுகோலாகக் கொண்ட நாம் இவ்விரண்டையும் கேட்காமல் அக்கதையை மேடையேற்றக் கூடாது என்பதே நம் வாதம்.

கதை பிறந்த இடம்

1962-இல் அமெரிக்காவின் அப்ஜான் மருந்து நிறுவனத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் வீக்ஸ், எலியின் இரத்தக் குழாயில் நுண்குழாயைப் பொருத்தி, அது விசையை அழுத்தும்போதெல்லாம் மார்ஃபின் உடலில் இறங்கும்படி ஓர் ஏற்பாட்டைச் செய்தார். 1969-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் டெனோ, யனகிடா, சீவர்ஸ் ஆகிய மூவரும் குரங்குகளை இவ்வாறே ஆராய்ந்து வெளியிட்டனர். மார்ஃபின், கொகைன், ஆம்ஃபெடமின், மது ஆகியவற்றைக் குரங்குகள் தாமாகவே செலுத்திக்கொண்டன. கொகைன் தடையின்றிக் கிடைத்தபோது வலிப்புக் கண்டு மடிந்தன. 1985-இல் கனடாவின் போஸார்த், வைஸ் இருவரும் எலிகளுக்கு 30 நாள்கள் வரம்பின்றிப் போதைப்பொருளை அளித்தனர். கொகைன் பெற்றவற்றில் 90 விழுக்காடும், ஹெராயின் பெற்றவற்றில் 36 விழுக்காடும் இறந்தன. 1980-களின் இறுதியில் அமெரிக்கத் தொலைக்காட்சி விளம்பரமாகவே இந்த எலி வந்தது. மேடைகளில் நாம் கேட்கும் கதையின் வேர் இதுதான்.

அந்த எலிகளும் குரங்குகளும் எங்கே இருந்தன என்பதைக் கவனியுங்கள். இத்தகைய ஆய்வுகளில் விலங்கு தனித்து அடைக்கப்பட்டிருக்கும். துணை இல்லை, குட்டி இல்லை, ஓட இடமில்லை, தோண்ட மண் இல்லை. அந்த உயிரின் உலகில் எஞ்சியிருந்தது ஒரே ஒரு விசை.

கூண்டை மாற்றியபோது

1970-களின் பிற்பகுதியில் கனடாவின் சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த புரூஸ் அலெக்சாண்டரும் அவருடைய தோழர்களும் ஓர் எளிய மாற்றத்தைச் செய்து பார்த்தனர். வழக்கமான கூண்டைவிடச் சுமார் 200 மடங்கு பெரிய இடத்தை அமைத்து, ஆணும் பெண்ணுமாக 16 முதல் 20 எலிகளை அதில் சேர்ந்து வாழவிட்டனர். விளையாடச் சக்கரங்கள், ஒளிந்துகொள்ளத் தகரக் குவளைகள், படுக்க மரச்சீவல் எல்லாம் இருந்தன. 'எலிப் பூங்கா' என்று அதற்குப் பெயர். சாதாரண நீரும், சர்க்கரை கலந்த மார்ஃபின் நீரும் அருகருகே வைக்கப்பட்டன. தனிக்கூண்டு எலிகள் மார்ஃபினை நாடின. பூங்கா எலிகள் பெரும்பாலும் சாதாரண நீரையே குடித்தன. ஒரு சோதனையில் தனிக்கூண்டு எலிகள் பூங்கா எலிகளைப் போல 19 மடங்கு வரை மார்ஃபின் அருந்தின.

அச்சோதனையைத் திரும்பச் செய்த சிலருக்கு அதே முடிவு கிட்டவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆயினும் அது எழுப்பிய கேள்வி அணைந்துவிடவில்லை. 2018-இல் அமெரிக்க ஆய்வாளர்கள், போதைக்குப் பழகிய எலிகளுக்கு இரண்டு விசைகளைக் கொடுத்தனர். ஒன்று போதைப்பொருளைத் தரும். மற்றொன்று இன்னோர் எலி இருக்கும் அறையின் கதவைத் திறக்கும். எலிகள் மிகப் பெரும்பாலும் தோழமையையே தேர்ந்தெடுத்தன.

மனிதரிடமும் இதையொத்த சான்று உண்டு. வியட்நாம் போரில் இருந்த அமெரிக்கப் படைவீரர்களில் சுமார் 20 விழுக்காட்டினர் அங்கே ஹெராயின் போன்றவற்றுக்கு அடிமையாகியிருந்தனர். ஊர் திரும்பியவர்களை லீ ராபின்ஸ் என்ற பெண் ஆய்வாளர் பின்தொடர்ந்து ஆராய்ந்தார். அடிமையாகியிருந்தோரில் முதல் ஆண்டில் மீண்டும் அந்நிலைக்குச் சென்றவர்கள் சுமார் 5 விழுக்காட்டினரே. போர்க்களம் நீங்கி, வீடும் உறவும் கிடைத்தபோது பெரும்பாலோர் மீண்டனர்.

இவற்றால் போதைப்பொருள் தீங்கற்றது என்று ஆகிவிடாது. உயிரைத் தனிமையில் அடைத்தால் அந்தத் தீங்கு பன்மடங்காகிறது என்பதே தெரிகிறது. மேடையில் சொல்லப்படும் கதையில் விடுபடும் பாதி இது.

வசப்படுத்தித் தரப்பட்டவை

இனி இரண்டாவது கேள்வி. "விலங்குகளை அல்லாஹ் மனிதனுக்கு வசப்படுத்தித் தந்திருக்கிறான், மனித நன்மைக்காக அவற்றை எப்படியும் பயன்படுத்தலாம்" என்று நம்மில் சிலர் வாதிடுகின்றனர். வசப்படுத்தித் தந்தான் என்பது உண்மை. 'எப்படியும்' என்பது அவர்களாகச் சேர்த்துக்கொண்ட சொல். பூமியில் ஊர்வனவும் சிறகடித்துப் பறப்பனவும் நம்மைப் போன்ற சமூகங்களே என்று அல்அன்ஆம் அத்தியாயத்தின் 38-ஆம் வசனம் அறிவிக்கிறது. உயிருள்ள பிராணியை அம்பெய்து பழகும் இலக்காக ஆக்குவதை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். பூனையொன்றை அடைத்து வைத்து, உணவும் அளிக்காமல், தானே இரை தேடிக்கொள்ளவும் விடாமல் சாகவிட்ட பெண் அதற்காகவே நரகம் புகுந்த செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. அப்பெண் பூனையை அடிக்கவில்லை, அறுக்கவில்லை. அடைத்தாள், வாழும் வழியை மூடினாள். அதுவே குற்றம்.

மருத்துவ ஆராய்ச்சி முழுவதையும் நாம் மறுக்கவில்லை. போதை அடிமைகளின் சிகிச்சையில் இன்று உயிர்காக்கும் புப்ரெனார்ஃபின் மருந்தை உருவாக்கியதில் விலங்கு ஆய்வுகளுக்கும் பங்குண்டு. உண்மையான தேவை இருந்து, வேறு வழியும் இல்லாதபோது, வலியைக் குறைத்துச் செய்யப்படும் ஆய்வை மார்க்க அறிஞர்கள் பலர் அனுமதிக்கின்றனர். ஆனால் நிர்ப்பந்தத்தால் கிடைக்கும் அனுமதி அந்த நிர்ப்பந்தத்தின் அளவைத் தாண்டாது என்பது ஃபிக்ஹின் அடிப்படை.

தாண்டியதற்கு எடுத்துக்காட்டு வேண்டுமா? நிகோடின் அடிமைப்படுத்தும் பொருள் என்று அமெரிக்க அரசின் தலைமை மருத்துவ அலுவலரது அறிக்கை 1988-லேயே அறிவித்துவிட்டது. அதற்குச் சுமார் 30 ஆண்டுகளுக்குப் பிறகும், அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகத்தின் ஆர்கன்சாஸ் ஆய்வகத்தில் சின்னஞ்சிறு அணில் குரங்குகளுக்கு நிகோடினைச் செலுத்தி, அவை விசையை அழுத்துவதை எண்ணிக்கொண்டிருந்தனர். 4 குரங்குகள் இறந்தன. சிம்பன்சிகளை ஆராய்ந்து புகழ்பெற்ற ஜேன் குடால் 2017-இல் கண்டனக் கடிதம் எழுதினார். 2018 ஜனவரியில் நிர்வாகமே ஆய்வை நிறுத்தி, எஞ்சிய 26 குரங்குகளையும் சரணாலயத்துக்கு அனுப்ப முடிவெடுத்தது. அந்தக் கண்டனம் நம் மிம்பர்களிலிருந்தும் எழுந்திருக்க வேண்டாமா? பூனைக்காக ஒரு பெண் தண்டிக்கப்பட்ட செய்தியைக் குழந்தைகளுக்குக் கற்பிக்கும் சமுதாயம் நாம் அல்லவா?

இன்னொன்று. மது ஹராம் என்பதை நிறுவ நமக்கு எலியின் பிணம் தேவையில்லை. மதுவில் சில பயன்கள் இருப்பினும் அதன் பாவமே பெரிது என்று அல்பகரா அத்தியாயத்தின் 219-ஆம் வசனம் உரைத்தது. பின்னர் தொழுகை வேளையில் போதை தடுக்கப்பட்டது; அதன்பின் முழுத் தடை வந்தது. மதீனாவின் தெருக்களில் மது ஆறாய் ஓடியது. விசையும் கூண்டும் காட்டி எவரும் அம்மக்களை நம்பவைக்கவில்லை.

நம் மஹல்லாவின் கூண்டு

எலிக்கதையைச் சொல்லி முடித்த கையோடு நம் மஹல்லாக்கள் சிலவற்றில் நடப்பது என்ன? போதையில் விழுந்த இளைஞனின் பெயர் ஊரெங்கும் பரவுகிறது. அவன் வீட்டுத் திருமணப் பேச்சு நின்றுபோகிறது. பள்ளிவாசலில் அவனருகே நிற்பவர் விலகிக்கொள்கிறார். பெற்றோர் மானத்துக்கு அஞ்சி அவனை அறையில் பூட்டுகிறார்கள், அல்லது வீட்டை விட்டே விரட்டுகிறார்கள். துணையில்லை, பேச ஆளில்லை, போக இடமில்லை. அவன் உலகில் எஞ்சியிருப்பது அந்தப் பொட்டலம் ஒன்றே. இதே ஏற்பாட்டைத்தான் ஆய்வகத்தார் எலிக்குச் செய்தார்கள்.

நபிவழி வேறு. மது அருந்தியதற்காக மீண்டும் மீண்டும் தண்டனை பெற்ற ஒரு நபித்தோழர் இருந்தார். ஒருமுறை கூட்டத்திலிருந்த ஒருவர் அவரைச் சபித்தார். சபிக்க வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்து, அவர் அல்லாஹ்வையும் அவனது தூதரையும் நேசிப்பவர் என்று சாட்சி சொன்னார்கள். மற்றோர் அறிவிப்பில், சகோதரருக்கு எதிராக ஷைத்தானுக்குத் துணைபோக வேண்டாம் என்றும் எச்சரித்தார்கள். இரண்டும் புகாரியில் உள்ளன. தண்டனை நிறைவேறியது, சட்டம் தளரவில்லை. ஆனால் அவர் ஜமாஅத்திலிருந்து வெட்டி எறியப்படவில்லை. மீண்டும் மீண்டும் விழுந்தபோதும் அவர் அந்தச் சமூகத்தின் மனிதராகவே இருந்தார்.

ஆகவே நாம் கேட்பது இவைதாம். பயான் செய்வோர் எலியின் கதையைச் சொல்வதானால் கூண்டையும் சேர்த்துச் சொல்லட்டும். ஜமாஅத் நிர்வாகிகள் போதையில் சிக்கிய இளைஞனின் பெயரைக் காத்து, அவனை மருத்துவரிடம் அழைத்துச் செல்லும் பொறுப்பை ஏற்கட்டும். அவன் தொழுகைக்கு வந்தால் அருகே தோளோடு தோள் நிற்க ஒருவர் இருக்கட்டும். பெற்றோர்களே, பூட்டிய அறை மருந்தாகாது. சிகிச்சையும் உங்கள் துணையும் இரண்டும் அவனுக்கு வேண்டும். மருத்துவமும் மருந்தியலும் பயிலும் நம் பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை: சோதனைச் சாலையில் உங்கள் கையில் வரும் உயிரும் அமானிதமே. இந்த வலி தேவைதானா, விடை முன்பே தெரிந்ததுதானா என்று கேட்கத் தயங்காதீர்கள்.

வாயற்ற உயிர்களின் வேதனைக்கும், வாயிருந்தும் பேச அஞ்சும் நம் பிள்ளைகளின் வேதனைக்கும் மறுமையில் விசாரணை உண்டு. அந்நாளில் பதில் சொல்லும் தகுதியை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.