பல்கலைக்கழகம் கொடுக்காத உரிமை

கலிபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் நிர்வாகக் கட்டடம் ஸ்ப்ரௌல் ஹால். அதன் வாசற்படிகளுக்கு 1997இல் 'மாரியோ சாவியோ படிகள்' என்று பெயர் சூட்டினார்கள். அங்குள்ள நூலகத்தில், 1964இல் மாணவர்கள் நடத்திய 'பேச்சுச் சுதந்திர இயக்க'த்தின் பெயரில் ஒரு காபிக்கடையும் நடக்கிறது. அந்த இயக்கத்தில் முன்னின்றதற்காகச் சாவியோவுக்குக் கிடைத்தது 120 நாள் சிறைத் தண்டனை. 1966இல் படிப்பைத் தொடர விரும்பியபோது அதே பல்கலைக்கழகம் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. 1996இல் அவர் இறந்த பின் வந்த பெயர்ப்பலகையில் இந்தக் கணக்கெல்லாம் இல்லை. அதனால்தான் ஒரு வாதம் எதிர்ப்பில்லாமல் செல்லுபடியாகிறது. பல்கலைக்கழகம் என்பது பிறவியிலேயே திறந்த விவாதத்துக்கான இடமாம். எல்லாத் தரப்பும் பேசலாம் என்ற மரபு அங்கே நெடுங்காலம் இருந்ததாம். வெளி அரசியலை உள்ளே இழுத்துவந்த மாணவர்கள்தான் அதைக் கெடுத்தார்களாம். பேச வந்தவரைக் கூச்சலிட்டு மேடையிலிருந்து இறக்குவது அந்தக் கேட்டின் தொடர்ச்சியாம். அமெரிக்காவில் பத்தி எழுதுகிறவர்கள் சொல்வதை, 'படிக்கிற பிள்ளைகளுக்கு அரசியல் எதற்கு' என்ற அறிவுரையையும் சேர்த்து நம்மூரிலும் சொல்கிறார்கள். வாதத்தின் ஒவ்வொரு துண்டையும் எடுத்து உரசிப் பார்க்கலாம். என் கட்சி இது: அமெரிக்க வளாகங்களில் இன்று பேச்சுரிமை என்று எதைச் சொல்கிறார்களோ அதில் பெரும்பகுதி, அவசரமாகச் சொல்ல வேண்டிய சேதி ஒன்று மாணவர்களிடம் இருந்ததால், நிர்வாகத்தோடு மோதி அவர்கள் வாங்கியது.

முதலில் அந்த மரபு. கலிபோர்னியா பல்கலைக்கழகம் 1949இல் தன் ஆசிரியர்களிடம் கம்யூனிஸ்ட் எதிர்ப்பு உறுதிமொழி கேட்டது. கையெழுத்திட மறுத்த 31 பேரை 1950இல் ஆட்சிக்குழு வேலையை விட்டு நீக்கியது. அவர்கள் வகுப்பில் தவறாக எதையும் கற்பித்ததாகக் குற்றச்சாட்டு கிடையாது, மறுத்ததே குற்றம். 1956இல் ஜனாதிபதி வேட்பாளர் அட்லாய் ஸ்டீவன்சன் பெர்க்லிக்கு வந்தபோது வளாகத்துக்குள் பேச அனுமதி இல்லை. வெளியே தெருவில் நின்று பேசிவிட்டுப் போனார். நாட்டின் இரு பெரும் கட்சிகளில் ஒன்றின் வேட்பாளருக்கே அந்தக் கதி என்றால், 1961இல் மால்கம் எக்ஸுக்கு அனுமதி மறுக்கப்பட்டதில் வியப்பில்லை. கம்யூனிஸ்ட் பேச்சாளர்கள் மீதான தடை 1963 வரை நீடித்தது. அதே 1963இல் வட கரோலினா மாநிலம் எதிர்த்திசையில் போய், அரசுக் கல்லூரிகளில் கம்யூனிஸ்ட்கள் பேசக் கூடாது என்று புதிதாகச் சட்டமே இயற்றியது. 1966 மார்ச்சில் அந்த மாநிலத்தின் சாப்பல் ஹில் பல்கலைக்கழக மாணவர்கள் கம்யூனிஸ்ட் வரலாற்றாசிரியர் ஹெர்பர்ட் ஆப்தேக்கரை அழைத்தார்கள். வளாகத்தைச் சுற்றியுள்ள குட்டைச் சுவருக்கு அந்தப் பக்கம், நகரத்துக்குச் சொந்தமான நடைபாதையில் அவர் நின்றார். இந்தப் பக்கம் மாணவர்கள் நின்று கேட்டார்கள். பிறகு மாணவர் மன்றத் தலைவர் பால் டிக்சனும் மற்றவர்களும் வழக்குப் போட்டார்கள். 1968இல் கூட்டாட்சி நீதிமன்றம் அந்தச் சட்டத்தைச் செல்லாததாக்கியது. வழக்கில் எதிர்த்தரப்பு, பல்கலைக்கழக நிர்வாகம். திறந்த விவாத மரபு எந்தப் பக்கம் நின்றது என்பதை அந்தச் சுவரைக் கேட்டாலே சொல்லும்.

அடுத்தது, அரசியல் வெளியிலிருந்து திணிக்கப்பட்டது என்பது. இது பாதி உண்மை, அதனால்தான் ஆபத்தானது. அரசியல் வெளியில்தான் இருந்தது. அலபாமாவில் கறுப்பின மாணவர்கள் படித்த மாநிலக் கல்லூரியிலிருந்து ஒரு குழு 1960 பிப்ரவரியில் மான்ட்கமரி நீதிமன்றக் கட்டடத்தின் சிற்றுண்டிச்சாலைக்குப் போய், வெள்ளையர்களுக்கு மட்டும் பரிமாறும் இடத்தில் உட்கார்ந்தது. ஆளுநரின் நெருக்குதலில் ஒன்பது பேர் கல்லூரியை விட்டு நீக்கப்பட்டார்கள். விசாரணை இல்லை, விளக்கம் கேட்கவும் இல்லை. வளாகத்துக்கு வெளியே நடந்ததற்கு வளாகத்துக்குள் தண்டனை! அரசியலை உள்ளே கொண்டுவந்தது யார்? 1961இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், அரசுக் கல்லூரி ஒரு மாணவரை நீக்குமுன் அறிவிப்பும் விசாரணையும் தந்தாக வேண்டும் என்று தீர்ப்பளித்தது. பெற்றோரின் இடத்தில் நின்று பிள்ளையைத் தண்டிப்பதாக அதுவரை நிர்வாகங்கள் சொல்லிவந்த நியாயம் அங்கேதான் முதலில் ஆட்டம் கண்டது. வளாகப் பேச்சுரிமை வரலாற்றைப் பெர்க்லியிலிருந்து தொடங்குகிறவர்கள் இந்த ஒன்பது பேரைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

பெர்க்லிக்கு வந்தாலும் இதே நூல்தான். 1964 வசந்த காலத்தில் சான் பிரான்சிஸ்கோவின் ஷெரட்டன் பேலஸ் ஹோட்டல் கறுப்பினத்தவரை வேலைக்கு எடுப்பதில் பாகுபாடு காட்டியதைக் கண்டித்து நடந்த மறியலில் பெர்க்லி மாணவர்கள் கைதானார்கள். சாவியோ அவர்களில் ஒருவர். அந்தக் கோடையில் அவர் மிசிசிப்பிக்குப் போய்க் கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காக வேலை செய்தார். செப்டம்பரில் திரும்பி வந்தவர்கள் பான்கிராஃப்ட் வீதியும் டெலிகிராஃப் அவென்யூவும் சந்திக்கும் வாயிலில் மேசை போட்டு, துண்டறிக்கை கொடுத்து, நிதி திரட்டி, ஆள் சேர்க்க நினைத்தார்கள். வழக்கமாக நடப்பதுதான், அந்த நடைபாதைத் துண்டு நகரத்துடையது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். செப்டம்பர் 14 அன்று மாணவர் டீன் கேத்தரின் டவுல் அனுப்பிய கடிதம், அது பல்கலைக்கழகத்தின் நிலம், இனி அங்கே அரசியல் வேலை கூடாது என்றது. அக்டோபர் 1 அன்று இனச் சமத்துவ அமைப்பு ஒன்றின் மேசையில் உட்கார்ந்திருந்த முன்னாள் மாணவர் ஜாக் வைன்பர்க்கைக் காவலர்கள் பிடித்துக் காரில் ஏற்றினார்கள். மாணவர்கள் காரைச் சுற்றி உட்கார்ந்தார்கள். 32 மணி நேரம் அந்தக் கார் நகரவில்லை. அதன் கூரையே மேடையானது. கூரை கெடக் கூடாதென்று சாவியோ செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார்.

இந்தக் காட்சி எல்லோருக்கும் தெரியும். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது நவம்பர் 20 அன்று ஆட்சிக்குழு எடுத்த முடிவு. மாணவர்கள் இனி வளாகத்தில் அரசியல் பேசலாம், ஆதரவு திரட்டலாம். ஆனால் வெளியே சட்டத்துக்கு உட்பட்டு நடக்கும் செயல்களுக்காக மட்டும். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. தேர்தலில் நிற்கும் எந்தக் கட்சிக்கும் இதனால் நஷ்டமில்லை. நஷ்டம் ஒரே ஒரு சாராருக்கு: தென்மாநிலங்களின் நிறவெறிச் சட்டங்களை வேண்டுமென்றே மீறுவதையே போராட்ட முறையாகக் கொண்டவர்களுக்கு. சிற்றுண்டிச்சாலையில் உட்காருவது சட்டமீறல்; ஹோட்டல் முகப்பில் மறியல் செய்தாலும் கைது. எந்தப் பேச்சுக்காக மேசை போட்டார்களோ அதை மட்டும் குறிபார்த்து விலக்கிவிட்டு, மற்றதற்கெல்லாம் கதவைத் திறந்த விதி அது. பேச்சுரிமை என்பது பொதுவான தத்துவம், அதை மாணவர்கள் தங்கள் காரியத்துக்காகப் பயன்படுத்திக்கொண்டார்கள் என்று குறைகூறுகிறவர்கள் இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். காரியம் இல்லாத பேச்சை யாரும் தடை செய்வதில்லை. ஆகவே அதற்கான உரிமையைப் போராடிப் பெற வேண்டிய தேவையும் வருவதில்லை.

எல்லாம் இடதுசாரிக் கும்பலின் சதி என்ற குற்றச்சாட்டுக்கு அதிக இடம் தேவையில்லை. தடையை எதிர்த்துத் திரண்ட கூட்டணியில், குடியரசுக் கட்சியின் வலதுசாரி வேட்பாளர் கோல்ட்வாட்டருக்கு வேலை செய்த மாணவர்களும் இருந்தார்கள். அவர்கள் மேசைக்கும் அதே தடைதானே. ஆட்சிக்குழுவே அமர்த்திய வழக்கறிஞர் ஜெரோம் பர்ன் 1965 மே மாதம் அறிக்கை கொடுத்தார். கம்யூனிஸ்ட் கட்சியோ வேறு வெளி அமைப்போ இயக்கத்தை உருவாக்கியதற்கு ஆதாரம் இல்லை என்றது அது. படிக்காத பிள்ளைகள் என்பதும் நிற்காது. கைதான மாணவர்களின் மதிப்பெண்கள் சராசரிக்கு மேலாகவே இருந்தன.

வலுவான ஆட்சேபம் வேறொன்று. பேச்சுரிமை கேட்டவர்கள் பேச்சோடு நிற்கவில்லையே; காரை மறித்தார்கள், கட்டடத்தைப் பிடித்தார்கள்; விவாதத்தால் வெல்ல வேண்டியதை வலுவந்தத்தால் வென்றார்கள் என்பது. இதைத் தட்டிக்கழிக்க முடியாது. உள்ளிருப்பு என்பது பேச்சு ஆகாது, அதற்குத் தண்டனை உண்டு என்பதை மாணவர்களும் அறிந்தே செய்தார்கள். ஆனால் எந்த வரிசையில் எது நடந்தது என்று பார்க்க வேண்டும். மனுக் கொடுத்தார்கள், பேச்சுவார்த்தைக் குழுவில் உட்கார்ந்தார்கள். தடையை மீறிய மாணவர்கள் சிலரை நிர்வாகம் இடைநீக்கம் செய்ததை விசாரித்த ஆசிரியர் குழு நிர்வாகத்தைக் குறைகூறி அறிக்கை தந்தது. நவம்பர் இறுதியில் இயக்கம் உள்ளுக்குள் பிளவுபட்டு, ஓர் உள்ளிருப்பு முயற்சி பிசுபிசுத்து, ஏறக்குறைய அடங்கிவிட்டது. அப்போது நிர்வாகம் அக்டோபர் கார் மறிப்புக்காகச் சாவியோ உள்ளிட்ட சிலர் மீது புதிதாக ஒழுங்கு நடவடிக்கை தொடங்கிற்று. அணையப்போன நெருப்பை ஊதிவிட்டது நிர்வாகமே. டிசம்பர் 2 அன்று ஸ்ப்ரௌல் ஹாலுக்குள் மாணவர்கள் நுழைந்தார்கள். மறுநாள் விடியுமுன் ஆளுநர் பாட் பிரவுனின் உத்தரவில் காவல்துறை வந்து ஏறத்தாழ 800 பேரைக் கைது செய்தது. மாணவர்கள் கட்டடத்தைப் பிடித்ததால் விதி மாறவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். விதியை மாற்றியது டிசம்பர் 8 அன்று கூடிய ஆசிரியர் பேரவையின் விவாதமும் வாக்கெடுப்பும்: பேச்சின் உள்ளடக்கத்தைப் பல்கலைக்கழகம் கட்டுப்படுத்தக் கூடாது, நேரம், இடம், முறை பற்றி மட்டும் விதி செய்யலாம் என்ற தீர்மானத்துக்கு ஆதரவு 824, எதிர்ப்பு 115. பத்து நாளில் ஆட்சிக்குழுவும், அரசமைப்புத் தரும் உரிமைக்கு மேல் கட்டுப்பாடு விதிக்கும் எண்ணமில்லை என்று இறங்கிவந்தது. மாணவர்களின் உள்ளிருப்பு செய்தது ஒன்றுதான்: இரண்டரை மாதம் தள்ளிப்போட்ட விவாதத்தை ஆசிரியர்கள் இனியும் தள்ளிப்போட முடியாமல் செய்தது.

எதிர்விளைவு பற்றிய வாதமும் உண்டு. 'பெர்க்லிக் குழப்பத்தைத் துடைப்பேன்' என்ற முழக்கத்தோடுதான் ரொனால்ட் ரீகன் 1966இல் ஆளுநர் தேர்தலில் வென்றார். 1967 ஜனவரியில் பல்கலைக்கழகத் தலைவர் கிளார்க் கெர் பதவியிழந்தார். உண்மைதான். எனினும் மூன்றாவது முறை நின்ற பிரவுன் தோற்றதற்கு 1965இல் லாஸ் ஏஞ்சலஸின் வாட்ஸ் பகுதியில் நடந்த கலவரம் போன்ற காரணங்களும் இருந்தன. மாணவர்களைக் கைது செய்யச் சொன்னதே அந்தப் பிரவுன்தான் என்பதும், ஆசிரியர் பேரவை கேட்டதை வாக்காளர்கள் தண்டித்தார்கள் என்பதற்காக அது தவறாகிவிடாது என்பதும் நினைவிருக்க வேண்டும். பேச்சு விதிகளை ரீகன் ஆட்சியிலும் யாரும் திருப்பிப் போடவில்லை. 1972இல் உச்ச நீதிமன்றம், கொள்கை பிடிக்கவில்லை என்பதற்காக ஒரு மாணவர் அமைப்புக்குக் கல்லூரி அங்கீகாரம் மறுக்க முடியாது என்றது. 1973இல் மிசௌரியில் நிர்வாகம் ஆபாசமென்று கருதிய பத்திரிகையை வினியோகித்ததற்காக நீக்கப்பட்ட மாணவியை மீண்டும் சேர்க்கச் சொன்னது. இரண்டு வழக்குகளையும் தொடுத்தது மாணவர் தரப்பு.

மிச்சமிருப்பது இன்றைய மாணவர்கள். இங்கே எதிர்த்தரப்புக்குக் கையில் சரக்கு இருக்கிறது. 1974இல் யேல் பல்கலைக்கழகத்தில், கறுப்பினத்தவர் பிறவியிலேயே அறிவில் குறைந்தவர்கள் என்று வாதிட்ட வில்லியம் ஷாக்லியை மாணவர்கள் கூச்சலிட்டுப் பேசவிடாமல் செய்தார்கள். அது தவறு, டிசம்பர் 8 தீர்மானத்தின் அளவுகோலிலேயே தவறு. ஆனால் அதே யேலில் 1963இல் நடந்ததையும் பக்கத்தில் வைக்க வேண்டும். அலபாமாவின் நிறவெறி ஆளுநர் ஜார்ஜ் வாலஸை மாணவர் அமைப்பு அழைத்திருந்தது. அந்த மாநிலத்தின் பர்மிங்ஹாம் தேவாலயக் குண்டுவெடிப்பில் நான்கு கறுப்பினச் சிறுமிகள் செத்து ஒரு வாரம்கூட ஆகாத நேரம். அழைப்பைத் திரும்பப் பெறச் சொன்னவர் பல்கலைக்கழகத்தின் தற்காலிகத் தலைவர் கிங்மன் புரூஸ்டர். வாலஸைப் பேச விட வேண்டும் என்று அவருக்குக் கடிதம் எழுதியவர், அங்கே சட்டத்தில் ஆய்வு செய்துகொண்டிருந்த பாலி மரே. கறுப்பினப் பெண், இனச் சமத்துவப் போராளி. 2017இல் பெர்க்லியில் வலதுசாரிப் பேச்சாளர் மைலோ யன்னாபொலஸின் கூட்டம் முகமூடிக் கும்பலின் வன்முறையால் ரத்தானதைக் காட்டுகிறவர்கள், 1964 இயக்கத்தைச் சேர்ந்த பழையவர்கள் சிலர் அந்தக் கூட்டத்துக்கு முன்பே, அவர் கருத்தைக் கண்டித்துக்கொண்டே, அவரைத் தடை செய்யக் கூடாது என்று வளாக நாளிதழில் எழுதியதைக் காட்டுவதில்லை. கும்பல் வெளியிலிருந்து வந்தது என்று நிர்வாகமே சொன்னதையும் காட்டுவதில்லை.

மாணவர்கள்தான் இன்று வாயடைக்கிறார்கள் என்பதற்கு 2024 வசந்தம் நல்ல பரீட்சை. காஸா போரை எதிர்த்துக் கூடாரம் போட்டவர்களை அப்புறப்படுத்தியதில், இடம், நேரம், முறை என்ற விதி செல்லும் என்று ஒருவர் வாதிடலாம். கூடாரம் பேச்சா என்பது விவாதத்துக்குரியதே. அதனால் கூடாரங்களை ஒதுக்கிவைத்துவிட்டு ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். தெற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகம் அந்த ஆண்டின் சிறந்த மாணவியாகத் தானே தேர்ந்தெடுத்த முஸ்லிம் மாணவியின் பட்டமளிப்பு உரையை ஏப்ரல் மாதம் பாதுகாப்பைக் காரணம் காட்டி ரத்து செய்தது. பாலஸ்தீனம் பற்றி அவர் சமூக ஊடகத்தில் பகிர்ந்ததை வெளி அமைப்புகள் எதிர்த்திருந்தன. உரையில் அவர் என்ன சொல்லப்போகிறார் என்பது யாருக்கும் தெரியாது. சில நாட்களில் முதன்மைப் பட்டமளிப்பு விழாவையே நிர்வாகம் கைவிட்டது. அது தனியார் பல்கலைக்கழகம். அரசமைப்பின் முதல் திருத்தம் அதைக் கட்டுப்படுத்தாது. உரையை நடத்தவிடச் சொல்லி அந்த வளாகத்தில் ஊர்வலம் போனவர்கள் மாணவர்கள்.