முப்பது ரூபாய் மீனுக்கு வைத்தியமா?

எங்கள் வீட்டு ஹாலில், டி.வி.க்குப் பக்கத்தில் இரண்டடி நீளக் கண்ணாடித் தொட்டி ஒன்று இருக்கிறது. என் மகனின் பிறந்த நாளுக்கு, என் கணவர் கொளத்தூர் போய் வாங்கி வந்தார். நாலு தங்க மீன்கள். ஆறே மாதத்தில் இரண்டு செத்துப் போயின. ஒவ்வொரு முறையும் பேப்பரில் சுற்றிக் குப்பையில் போட்டுவிட்டு, அடுத்த ஞாயிறே வேறு வாங்கி விட்டுவிடுவோம். முப்பது ரூபாய் சமாசாரம்தானே என்று அப்போது எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, தொட்டியைக் கழுவுவதற்காக மீன்களை வாளிக்கு மாற்றிக் கொண்டிருந்தேன். வலை எங்கேயோ கிடந்தது. அவசரத்துக்கு, அடுப்படியில் இருந்த டீ வடிகட்டியால் பிடித்தேன். ஒரு மீன் துள்ளி, சிமென்ட் தரையில் போய் விழுந்தது. பதறிப் போய் வெறுங்கையால் அமுக்கிப் பிடித்து வாளியில் போட்டேன். பார்த்தால், விலாப்பக்கம் செதில் பெயர்ந்து சிவந்திருக்கிறது. வால் கிழிந்து தொங்குகிறது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

டி.வி. பார்த்துக் கொண்டிருந்த மகன் திரும்பிக்கூடப் பார்க்காமல், "விடும்மா, அதைத் தூக்கிப் போட்டுடு. நாளைக்கு அப்பா வேற வாங்கிட்டு வருவார்" என்றான். நாலாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை!

மீன் அடிபட்டதைவிட அந்த வார்த்தைதான் எனக்கு வலித்தது. அவனைச் சொல்லிக் குற்றமில்லை. இரண்டு முறை நாங்கள் செய்து காட்டியதைத்தானே அவன் திருப்பிச் சொன்னான்? அன்றைக்கே முடிவு செய்தேன், இந்த மீனைத் தூக்கிப் போடுவதில்லை என்று.

"மஞ்சளை அரைச்சுத் தடவு" என்றார் மாமியார். "மனுஷனுக்குக் கொடுக்கிற கேப்ஸ்யூலை உடைச்சுத் தண்ணியில போடுங்க" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. எதையும் செய்யாமல், கொளத்தூரில் பல வருஷமாக வண்ண மீன் வளர்க்கும் ஒரு பெரியவரிடம் போய்க் கேட்டேன். அவர் சொன்னது, இதைப் படிக்கும் சகோதரிகள் யாருக்காவது உதவும் என்று எழுதுகிறேன்.

முதலில், அடிபட்ட மீனைத் தனியாக வைக்க வேண்டும். மற்ற மீன்கள் புண்ணைக் கொத்தும். பத்து லிட்டர் பிடிக்கிற பிளாஸ்டிக் டப் போதும். பாதி தொட்டித் தண்ணீர், பாதி புதுத் தண்ணீர். புதுத் தண்ணீர் குழாயில் பிடித்ததும் ஊற்றக் கூடாது. அதிலுள்ள குளோரின் செவுளைப் புண்ணாக்கி விடும். ஒரு நாள் வாளியில் திறந்து வைத்திருக்க வேண்டும், அல்லது மீன் கடையில் விற்கும் குளோரின் நீக்கும் மருந்து சில சொட்டு விட வேண்டும். காற்றுக் குழாயையும் போட்டு விட வேண்டும்.

மருந்து என்ன தெரியுமா? நம் வீட்டுக் கல் உப்புதான்! பத்து லிட்டருக்குப் பத்து கிராம், ஏறக்குறைய இரண்டு டீஸ்பூன். மீனின் உடம்பில் இருக்கும் உப்பு, அது வாழும் நல்ல தண்ணீரில் இருப்பதைவிட அதிகமாம். புண் இருந்தால் அதன் வழியே தண்ணீர் உள்ளே போகும், உப்பு வெளியே போகும். தண்ணீரில் கொஞ்சம் உப்பு இருந்தால் மீனுக்கு அந்தப் பாடு குறையும். தினமும் கால் பங்கு தண்ணீரை மாற்ற வேண்டும். ஊற்றுகிற தண்ணீருக்கு மட்டும் கணக்காக உப்பு சேர்க்க வேண்டும். (கெளுத்தி வகை மீன்களுக்கு உப்பு அவ்வளவாக ஒத்துக் கொள்ளாது, ஜாக்கிரதை.) தீனி ஒரு வேளை, அதுவும் ஒரு சிட்டிகை. மிச்சத்தை உடனே எடுத்து விட வேண்டும்.

புண்ணில் வெள்ளையாகப் பஞ்சு மாதிரி படர்ந்தால் அது பூஞ்சை. அப்போது மெத்திலீன் ப்ளூ மருந்தை, பாட்டிலில் போட்டிருக்கும் அளவுப்படி டப்பில் மட்டும் விட வேண்டும். பெரிய தொட்டியில் விட்டால், அங்கே கழிவைச் சுத்தம் செய்யும் நல்ல கிருமிகளும் செத்துவிடும். வெறுங்கையால் பிடிக்கவே கூடாது. மீனின் மேலுள்ள வழவழப்புதான் அதற்குக் கவசம்.

கடைசியாக அவர் கேட்ட கேள்விதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. "தொட்டியை எப்படிம்மா கழுவுறீங்க?"

பெருமையாகச் சொன்னேன். வாரா வாரம் முழுத் தண்ணீரையும் கொட்டி, கூழாங்கல், பில்டர் பஞ்சு எல்லாவற்றையும் பளபளவென்று தேய்த்துக் கழுவுவேன் என்று.

"அதுல இருக்கிற நல்ல கிருமியெல்லாம் போயிடுமேம்மா. அப்புறம் மீனோட கழிவே அதுக்கு விஷமாயிடும். அதுவும் இந்தத் தொட்டியில நாலு தங்க மீன் ரொம்ப அதிகம்" என்றார். வாரம் கால் பங்கு தண்ணீர் மாற்றி, பஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே லேசாகப் பிழிந்து விட்டால் போதுமாம். முதல் இரண்டு மீன்களும் ஏன் செத்தன என்று அப்போதுதான் புரிந்தது. சுத்தம் சுத்தம் என்று என் கையாலேயே கொன்றிருக்கிறேன்!

டப்பை அடுப்படி மேடையில் வைத்து, மேலே துண்டு போட்டு மூடினேன். நாலு நாள் மீன் அடியிலேயே கிடந்தது. ஐந்தாம் நாள் காலை, மகன் தான் பல் தேய்க்கிற பிரஷ்ஷோடு ஓடி வந்து, "அம்மா, மேல வந்துடுச்சும்மா!" என்று கத்தினான். அதன் பிறகு உப்பு அளந்து போடுவது அவன் வேலையாகிவிட்டது. இப்போது மீன் பழையபடி தொட்டியில் இருக்கிறது. வால் கொஞ்சம் கோணலாக வளர்ந்து வருகிறது, அவ்வளவுதான்.

"ஞாயித்துக்கிழமை மீன் குழம்பு வைக்கிற கைதானே இது?" என்று மாமியார் கேலி செய்தார். வாஸ்தவம்தான். நாங்கள் அசைவம் சாப்பிடுகிறவர்கள்தான். ஆனால், சாப்பாட்டுக்கு வாங்குவது வேறு; அழகுக்காகக் கொண்டு வந்து, நாலு கண்ணாடிக்குள் அடைத்து வைப்பது வேறு. குளத்தில் இருக்கிற மீன் தன் தண்ணீரைத் தானே தேடிக் கொள்ளும். தொட்டி மீனுக்கு நாம் ஊற்றுகிற தண்ணீர்தான் உலகம். அது கெட்டால் பொறுப்பு நம்முடையது இல்லையா?

மீன்களைப் பற்றிப் படிப்பதற்கென்றே நாகப்பட்டினத்தில் 2012-ல் பல்கலைக்கழகம் தொடங்கினார்கள். ஆனால் மீன் விற்கும் கடையில், தண்ணீரை எப்படி மாற்றுவது என்று இரண்டு வரி எழுதிக் கொடுக்க ஆளில்லை. வாங்குகிற நாமும் கேட்பதில்லை. பிள்ளை அடம் பிடித்தால் பாலிதீன் பையில் வாங்கி வந்து விடுகிறோம். அது பொம்மை என்றால் பரவாயில்லை.

உடைந்தால் தூக்கிப் போடு, வேறு வாங்கு என்று பொருளுக்குச் சொல்லலாம். உயிருக்கும் அதையே சொல்லிக் கொடுத்து வளர்த்தால், நாளைக்கு நமக்கு முடியாமல் படுக்கும்போது அந்தப் பிள்ளையிடம் எதை எதிர்பார்க்க முடியும்? கொஞ்சம் யோசியுங்கள் சகோதரிகளே!

- ஒரு வாசகி, வில்லிவாக்கம்.