ஓய்வூதியம் உண்டு, பொறுப்பு எங்கே?

புதுச்சேரி முத்தியால்பேட்டை மணிக்கூண்டைச் சுற்றியுள்ள தெருக்களில் காலை நேரத்தில் நடந்து செல்பவர்கள் சில முதியவர்களைக் கவனித்திருக்கலாம். மடிப்புக் கலையாத சட்டை, வளையாத முதுகு, கையில் ஒரு நாளிதழ். தமிழில்தான் பேசிக்கொண்டிருப்பார்கள், இடையிடையே ஒரு பிரெஞ்சுச் சொல் வந்து விழும். பிரெஞ்சு ராணுவத்தில் பணியாற்றி ஓய்வூதியத்துடன் ஊர் திரும்பிய அவர்களை, 'சொல்தா' என்று அழைப்பது புதுச்சேரி வழக்கம்.

பிறந்த ஊரிலேயே அவர்கள் வாழ்கிறார்கள். ஆனால் சட்டப்படி, அவர்கள் வெளிநாடு ஒன்றில் ஓய்வுக்காலத்தைக் கழிக்கும் பிரெஞ்சுக் குடிமக்கள். இந்த முரண் எப்படி உருவானது என்பதைப் புரிந்துகொண்டால்தான், அவர்களுடைய இன்றைய சிக்கலும் புரியும்.

புதுச்சேரி, காரைக்கால், மாகே, ஏனாம் ஆகிய பகுதிகளின் நிர்வாகம் 1954 நவம்பர் 1 அன்று இந்தியாவின் கைக்கு வந்தது. 1956 மே 28 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது. பிரெஞ்சு நாடாளுமன்றம் அதற்கு ஒப்புதல் வழங்கிய பின்னர், 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படியான இணைப்பு நிறைவேறியது. இங்கு பிறந்து இங்கேயே வசித்தவர்கள் தாமாகவே இந்தியக் குடிமக்கள் ஆனார்கள். பிரெஞ்சுக் குடியுரிமையைத் தொடர விரும்பியவர்கள் ஆறு மாதங்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்று ஒப்பந்தம் கூறியது. ஏறத்தாழ ஐயாயிரம் பேர் அவ்வாறு தெரிவித்தனர். பிரெஞ்சு அரசுப் பணியிலும் ராணுவத்திலும் இருந்தவர்களும் அவர்களின் குடும்பத்தினரும் அவர்களில் கணிசமானோர். அந்தக் குடும்பங்களின் அடுத்தடுத்த தலைமுறைகள்தான் இன்று முத்தியால்பேட்டை உள்ளிட்ட நகரின் பல பகுதிகளிலும் பாரிஸ் புறநகர்களிலுமாகப் பிரிந்து வாழ்கின்றன.

இவர்களைப் பற்றிய பொதுப்பேச்சு பெரும்பாலும் பணத்தோடு நின்றுவிடுகிறது. யூரோவில் வரும் ஓய்வூதியம், அதனால் எழும்பிய மாடி வீடுகள், உயர்ந்த மனை விலை என்பவற்றைத் தாண்டி அது நகர்வதில்லை. 'அவர்களுக்கென்ன குறை?' என்ற கேள்வியில் பொறாமையும் உண்டு, அறியாமையும் உண்டு. மாதச் செலவுக்குக் குறையில்லாத ஒருவருக்கு, அந்த மாதத்தின் முப்பது நாள்களை எப்படிக் கழிப்பது என்பது குறையாக இருக்கக்கூடும் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

முதலாவதாக, இந்த ஓய்வு மிக இளம் வயதிலேயே வந்துவிடுகிறது. பிரெஞ்சு ராணுவத்தில் அதிகாரி நிலையில் இல்லாத வீரர் ஒருவர், பதினைந்து ஆண்டுப் பணி முடித்தாலே உடனடி ஓய்வூதியத்துக்குத் தகுதி பெறும் முறை நெடுங்காலம் இருந்தது. 2010-ஆம் ஆண்டின் சீர்திருத்தத்துக்குப் பிறகு அது படிப்படியாகப் பதினேழு ஆண்டுகளாக உயர்த்தப்பட்டது. இருபது வயதில் சேர்ந்தவர் நாற்பதுக்கு முன்பே ஓய்வு பெற்றுவிட முடியும். எண்பது வயது வரை வாழ்ந்தால், அவர் பணியாற்றிய காலத்தைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகமான காலம் ஓய்விலேயே கழிகிறது. விடியற்காலை எழுப்பும் ஊதுகொம்பு, அணிவகுப்பு, ஆணை, தோழமை என்று ஒவ்வொரு மணி நேரமும் வகுக்கப்பட்ட வாழ்க்கை ஒரே நாளில் நின்றுபோகிறது. அதன் இடத்தை நிரப்ப எதுவும் காத்திருப்பதில்லை.

இரண்டாவதாக, அவர்கள் குடிமை வாழ்விலிருந்து விலகி நிற்க நேர்கிறது. 2012 முதல் வெளிநாடுவாழ் பிரெஞ்சுக் குடிமக்கள் தங்களுக்கென நாடாளுமன்ற உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இந்தியா அதில் பதினோராவது தொகுதியில் அடங்குகிறது. எனவே முத்தியால்பேட்டையில் வசிக்கும் ஒருவர் பாரிஸ் நாடாளுமன்றத்துக்கு வாக்களிக்கிறார். தம் தெருவின் சாக்கடை குறித்து முடிவெடுப்பவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அவருக்கு இல்லை. புதுச்சேரியில் 1968-க்குப் பிறகு 2006-இல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது என்பதையும், அந்த மன்றங்களின் பதவிக்காலம் 2011-இல் முடிந்த பின் மீண்டும் நீண்ட இடைவெளி விழுந்தது என்பதையும் நினைத்தால், இந்தியக் குடிமகனின் நிலையும் பெருமைக்குரியதாக இல்லை. ஆயினும், 'இது என் ஊர், இதில் எனக்கும் பங்கு உண்டு' என்று சொல்லும் உரிமையாவது அவருக்கு இருக்கிறது. சொல்தாவோ ஊர்ப் பிரச்னை குறித்து வாய் திறந்தால், 'நீங்கள் பிரெஞ்சுக்காரர்தானே?' என்ற பதிலைக் கேட்க நேரிடலாம்.

மூன்றாவதாக, பிள்ளைகள் தொலைவில் இருக்கிறார்கள். பிரெஞ்சுக் கடவுச்சீட்டு பிள்ளைகளுக்கு வேலைக்கான கதவைத் திறந்தது. அந்தக் கதவு வழியாகவே வீடும் காலியானது. ஆண்டுக்கொரு முறை விடுமுறையில் வரும் பேரக்குழந்தைகளுக்குத் தமிழ் தடுமாறுகிறது. பாட்டிக்கோ பிரெஞ்சு வராது.

இந்தப் பாட்டியைப் பற்றித் தனியாகவே பேச வேண்டும். ஓய்வூதியதாரர் இறந்த பிறகு, அவருடைய ஓய்வூதியத்தின் ஒரு பகுதி மனைவிக்கு வருகிறது. உயிருடன் இருப்பதற்கான சான்றை ஆண்டுதோறும் அனுப்பினால்தான் அது தொடரும். படிவம் பிரெஞ்சு மொழியில் இருக்கிறது; இப்போது இணையத்திலும் வருகிறது. கணவர் உயிருடன் இருந்தவரை இவற்றையெல்லாம் அவரே பார்த்துக்கொண்டார். இன்று அந்தப் பெண் ஒரு தாளில் கையெழுத்திடுவதற்குக்கூட மற்றவரின் தயவை நாடுகிறார். 'பொழுதை எப்படிக் கழிக்கிறீர்கள்?' என்று அவரிடம் எவரும் கேட்பதில்லை. வீட்டு வேலைக்கு ஓய்வு ஏது என்பது நம் எண்ணம். சமைத்துப் போட ஆள் இல்லாத வீட்டில் அந்த வேலையும் பொருளற்றுப் போகிறது.

எதிர்த்திசையில் பயணம் செய்பவர்களும் உண்டு. பிள்ளைகளோடு இருக்கலாம் என்று முதிய வயதில் பிரான்ஸ் செல்வோர் அடுக்குமாடிக் குடியிருப்பின் ஒரு சன்னலுக்குள் குளிர்காலத்தைக் கழிக்கிறார்கள். பாரிஸின் லா ஷப்பெல் பகுதித் தமிழ்க் கடைகளும் மாணிக்க விநாயகர் ஆலயமும் ஆறுதல் தருகின்றன. ஆலயத்தின் தேர்த் திருவிழா நாளில் ஊர் திரும்பியது போன்ற மகிழ்ச்சி கிடைக்கிறது. ஆனால் அது ஆண்டில் ஒரு நாள். கோடையில் அங்கும் பனிக்காலத்தில் இங்குமாக இருந்துகொள்ளலாம் என்றால், அதற்கும் வரம்பு இருக்கிறது. குறைந்த வருமானமுள்ள முதியோருக்குப் பிரெஞ்சு அரசு வழங்கும் உதவித்தொகையைப் பெற, ஆண்டுக்கு ஒன்பது மாதங்களுக்கு மேல் பிரான்ஸிலேயே வசிக்க வேண்டும் என்ற விதி 2023 செப்டம்பர் முதல் நடைமுறையில் உள்ளது. வசதியுள்ளவருக்கு இரு நாடுகள். வசதியற்றவருக்கு ஒரு நாடும் ஏக்கமும்.

இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் தீர்வு பொழுதுபோக்கு. புதுச்சேரியில் அதற்குப் பஞ்சமில்லை. இரும்புக் குண்டுகளை எறிந்து ஆடும் பெத்தாங் ஆட்டத்தை இந்த நகரம் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து பெற்றுத் தனதாக்கிக்கொண்டிருக்கிறது. முன்னாள் வீரர்கள் கூடிப் பேசுவதற்கென்றே 'ஃபுவாயே துய் சொல்தா' என்னும் இல்லம் இருக்கிறது. ஜூலை 14 அன்றும் நவம்பர் 11 அன்றும் பதக்கங்களை அணிந்து, 1938-இல் கடற்கரைச் சாலையில் எழுப்பப்பட்ட போர் நினைவிடத்தின் முன் அவர்கள் நிற்கும்போது, நகரமே ஒரு கணம் திரும்பிப் பார்க்கிறது.

இவையெல்லாம் தேவையே. ஆனால் விளையாட்டும் விழாவும் ஒருவரை மகிழ்விக்கலாமே தவிர, தாம் பிறருக்குத் தேவைப்படுகிறோம் என்ற நிறைவை அளிப்பதில்லை. ஒரு நாள் வரவில்லை என்றால், தம்மை எதிர்பார்த்து ஒருவர் காத்திருப்பார் என்ற உணர்வுதான் ஒரு முதியவரைக் காலையில் படுக்கையிலிருந்து எழுப்புகிறது. பொழுதுபோக்குக்கும் பொறுப்புக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

அப்படியொரு பொறுப்பை இவர்களிடம் ஒப்படைக்க இந்த நகரத்தில் வேலை இருக்கிறதா? நிறையவே இருக்கிறது.

ஒன்று, ஆவணங்கள். பிரெஞ்சு ஆட்சிக்காலத்தின் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகளும் சொத்துப் பத்திரங்களும் பிரெஞ்சு மொழியில் உள்ளன. தாத்தாவின் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் தவிக்கும் குடும்பங்கள் இங்கு உண்டு. சட்டப்படியான மொழிபெயர்ப்பை உரிய தகுதி பெற்றவர்தான் செய்ய வேண்டும். ஆனால் படித்துப் பொருள் சொல்வதற்கும், எந்த அலுவலகத்தை அணுக வேண்டும் என்று வழிகாட்டுவதற்கும், மேலே குறிப்பிட்ட விதவைப் பெண்ணுக்குப் படிவம் நிரப்பித் தருவதற்கும் பிரெஞ்சு அறிந்த ஒரு முதியவர் போதும். வாரத்தில் இரண்டு நாள், ஒரு சமுதாயக் கூடத்தில் ஒரு மேசை, இரண்டு நாற்காலிகள். தேவைப்படும் முதலீடு அவ்வளவுதான்.

இரண்டு, நினைவுகள். 1736 முதல் 1761 வரை நாள்தோறும் கண்டதையும் கேட்டதையும் எழுதி வைத்த ஆனந்தரங்கப் பிள்ளை வாழ்ந்த நகரம் இது. அவருடைய நாட்குறிப்பு இல்லையென்றால், பதினெட்டாம் நூற்றாண்டுப் புதுச்சேரியைப் பிரெஞ்சு அதிகாரிகளின் கண்ணால் மட்டுமே நாம் பார்த்திருப்போம். பாரதியார் உலவிய குயில்தோப்பு என்றால் முத்தியால்பேட்டை நினைவுக்கு வருகிறது. ஆனால் இந்த நகரின் தெருக்களிலிருந்து கப்பலேறி இந்தோசீனாவுக்கும் அல்ஜீரியாவுக்கும் போனவர்களின் கதையை எவரும் முறையாகத் தொகுத்துவைத்ததாகத் தெரியவில்லை. இந்தோசீனப் போர் 1954-இல் முடிந்தது; அல்ஜீரியப் போர் 1962-இல் முடிந்தது. முன்னதில் பங்கேற்றவர் எவரேனும் உயிருடன் இருந்தால் தொண்ணூறு வயதை ஒட்டியோ தாண்டியோ இருப்பார். பின்னதில் பங்கேற்றவர் எண்பதைக் கடந்திருப்பார். சொந்த நாடு விடுதலை பெறும் வேளையில், வேறொரு நாட்டின் விடுதலைப் போரை எதிர்த்து நின்ற தமிழ் வீரனின் மனம் என்ன எண்ணியது என்பதைச் சொல்லக்கூடியவர்கள் அவர்கள் மட்டுமே. அவர்களைவிடச் சற்று இளைய ஓய்வு பெற்றவர்கள் கேள்வி கேட்டு, கைப்பேசியில் பதிவு செய்தாலே பாதி வேலை முடிந்தது. இதற்கான காலம் இன்னும் சில ஆண்டுகளே.

மூன்று, கற்பித்தல். பிரெஞ்சு படிக்கும் மாணவர்கள் புதுச்சேரியில் ஏராளம். இலக்கணத்தை ஆசிரியர் கற்பிப்பார். பேச்சுப் பழக்கத்துக்கு ஆள் வேண்டும். பிரான்ஸுக்கு உயர்கல்விக்குச் செல்லவிருக்கும் ஏழை மாணவனுக்கு, அங்கே அறை வாடகைக்கு எடுப்பது முதல் குளிரைத் தாங்குவது வரை சொல்லித்தரக் கூடியவர் பக்கத்துத் தெருவிலேயே இருக்கிறார். உடற்பயிற்சியும் ஒழுங்கும் முதலுதவியும் அறிந்தவரை ஓர் அரசுப் பள்ளியின் விளையாட்டுத் திடல் பயன்படுத்திக்கொள்ளலாம்.

இவை கற்பனைத் திட்டங்கள் அல்ல. 1973-ஆம் ஆண்டு பிரான்ஸின் துலூஸ் நகரில் பியேர் வெல்லாஸ் என்ற பேராசிரியர் முதியோருக்கான 'மூன்றாம் பருவப் பல்கலைக்கழக'த்தைத் தொடங்கினார். அந்த எண்ணம் பின்னர் உலகெங்கும் பரவியது. பிரிட்டனில் அது இன்னொரு வடிவம் எடுத்தது. அங்கே முதியவர்களே ஆசிரியர்கள், அவர்களே மாணவர்கள். ஜப்பானில் எழுபதுகளின் நடுவில் டோக்கியோவில் தொடங்கிய முதியோர் பணி மையங்கள் 1986-இல் சட்ட ஏற்பு பெற்றன. அறுபது வயது கடந்தவர்களுக்கு அவை தங்கள் பகுதியிலேயே எளிய, குறுகிய நேர வேலைகளை ஏற்பாடு செய்கின்றன. புதுச்சேரியிலோ 1827-இல் உருவான ரோமன் ரோலண்ட் நூலகம், 1889 முதல் இயங்கும் அலியான்ஸ் பிரான்சேஸ், 1955-இல் தொடங்கப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், மத்தியப் பல்கலைக்கழகம் ஆகிய அனைத்தும் சில கிலோமீட்டர் தொலைவுக்குள் உள்ளன. இடமும் இருக்கிறது, ஆளும் இருக்கிறார்கள். இரண்டையும் இணைப்பார் இல்லை.

ஒரு சட்டத் தடையையும் இங்கே குறிப்பிட வேண்டும். வெளிநாட்டுக் குடியுரிமையுடன் 'ஓசிஐ' அட்டை வைத்திருப்போர், ஆய்வு, இதழியல் போன்ற பணிகளில் ஈடுபடச் சிறப்பு அனுமதி பெற வேண்டும் என்று மத்திய அரசின் 2021 மார்ச் அறிவிக்கை கூறுகிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் பிரெஞ்சு சொல்லித்தருவதும் தம் நினைவுகளைச் சொல்வதும் அந்தக் கட்டுப்பாட்டில் அடங்குமோ என்ற தயக்கம் எவருக்கும் எழக்கூடாது. எவையெல்லாம் தடையின்றிச் செய்யத்தக்கவை என்பதை அரசு எளிய தமிழில் விளக்க வேண்டும். நினைவுத் தொகுப்பு போன்ற பணிகளில் கல்வி நிறுவனங்கள் முன்னின்று, தேவையான அனுமதியைத் தாங்களே பெற்றுத்தர வேண்டும்.

அதே நேரத்தில், ஓய்வு பெற்றவர்களும் ஓரடி முன்வர வேண்டும். 'எனக்கு யாருடைய தயவும் வேண்டாம்' என்ற ராணுவ மிடுக்கு, பல நேரங்களில் தனிமைக்குப் போட்ட தாழ்ப்பாளாகிவிடுகிறது. பிள்ளைகளும் வங்கிக் கணக்கில் பணம் சேர்ந்ததா என்று விசாரிப்பதோடு நின்றுவிடாமல், 'இன்று யாருக்கு என்ன உதவி செய்தீர்கள், அப்பா?' என்று தொலைபேசியில் கேட்டுப் பழக வேண்டும்.

புதுச்சேரியின் பிரெஞ்சு அடையாளம் என்று மஞ்சள் சுவர்களையும் தெருப் பெயர்ப் பலகைகளையும் சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்டுகிறோம். அந்த வரலாற்றைத் தம் உடலால் வாழ்ந்தவர்களோ, முத்தியால்பேட்டைத் தெருத் திண்ணைகளில் அமர்ந்து மாலை வரக் காத்திருக்கிறார்கள். அவர்களுடைய ஓய்வூதியத்தை இன்னொரு நாட்டு அரசு வழங்குகிறது. அவர்களுக்கு ஒரு பொறுப்பை வழங்க வேண்டியது இந்த ஊர்.