நன்றி மெயிலுக்கும் மார்க் போடுகிறார்களாம்

கல்லூரிக் கடைசி வருடத்தில் 'பிளேஸ்மென்ட் டிரெய்னிங்' என்று நடத்துகிறார்களே, அதில் ஒரு பாடம் உண்டு. நேர்காணல் முடிந்து 24 மணி நேரத்துக்குள் நேர்காணல் செய்தவருக்கு நன்றி மெயில் அனுப்பிவிட வேண்டும். என்ன எழுதுவது? "உங்கள் பொன்னான நேரத்தை எனக்காக ஒதுக்கியதற்கு நன்றி."

திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து விடியற்காலைப் பேருந்தில் கிளம்பி, சோழிங்கநல்லூர் வந்து, விசிட்டர் அட்டையோடு மூன்று மணி நேரம் உட்கார்ந்து, இருபது நிமிடம் பேசிவிட்டு ஊர் திரும்பும் பெண்ணின் நேரம் மட்டும் என்ன, தகரமா? பொதுத்துறை நிறுவனங்களில் நேர்காணலுக்கு வரும் எஸ்.சி., எஸ்.டி. விண்ணப்பதாரர்களுக்கு ரயில் கட்டணம் கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. தனியார் கம்பெனி பேருந்துக் காசும் தராது, தேர்வாகவில்லை என்று ஒரு வரித் தகவலும் அனுப்பாது. நன்றி மட்டும் அதற்கு வந்து சேர வேண்டும்.

நன்றி சொல்வது நல்ல பண்புதானே, இதிலுமா சாதி என்று கேட்பார்கள். நன்றி சொல்வதில் தகராறு இல்லை. அதை அறிவிக்காத தேர்வாக வைப்பதில்தான் தகராறு. வேலை விளம்பரத்தில் பைத்தான் தெரிய வேண்டும் என்று போட்டால் படித்துக்கொள்ளலாம். மெயில் அனுப்ப வேண்டும் என்று எங்கே போட்டார்கள்? அப்பாவோ மாமாவோ ஏற்கெனவே அந்த மாதிரி அலுவலகத்தில் இருந்தால் சாப்பாட்டு மேஜையிலேயே காதில் விழுந்துவிடும். முதல் தலைமுறையாகப் பட்டம் வாங்கியவருக்கு யார் சொல்வது? பிறகு அவர் பெயருக்கு நேராக 'கல்ச்சர் ஃபிட் இல்லை' என்று எழுதிவிடலாம். அந்த 'கல்ச்சர்' யாருடையது என்று யாரும் கேட்கப்போவதில்லை.

மிகைப்படுத்துகிறோமா? 2007இல் சுக்தேவ் தோரட்டும் பால் அட்டுவெல்லும் வெளியிட்ட ஆய்வில், ஒரே தகுதி, வேறு வேறு பெயர் போட்ட விண்ணப்பங்களைத் தனியார் வேலைகளுக்கு அனுப்பினார்கள். உயர்சாதிப் பெயரை 1 என்று வைத்தால், தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு விகிதம் 0.67. முஸ்லிம் பெயருக்கு 0.33. அதே ஆண்டு வெளியான ஓர் ஆய்வுக்காக சுரிந்தர் ஜோத்காவும் காத்தரின் நியூமனும் மனிதவள அதிகாரிகளிடம் பேசினார்கள். குடும்பப் பின்னணியைக் கேட்பது வழக்கம் என்று அவர்கள் கூச்சமில்லாமல் சொன்னார்கள். 'தகுதி, திறமை' என்று தொண்டை கிழியக் கத்துகிறவர்களின் அறைக்குள் நடப்பது இது.

தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு 'சாமி' என்று நின்ற தலைமுறையின் பேரப்பிள்ளைகள் நாம். அந்தத் துண்டு தோளுக்கு ஏறுவதற்கே இங்கே ஒரு சுயமரியாதை இயக்கம் வேண்டியிருந்தது. கேட்காமல் வரும் நன்றிக்கும் எதிர்பார்த்து வாங்கும் பணிவுக்கும் உள்ள வித்தியாசம் நமக்குத் தெரியாதா?

வேலை தேடும் தம்பி தங்கைகள் மெயில் அனுப்பட்டும். இரண்டு வரி போதும், 'பொன்னான நேரம்' வேண்டாம். வயிற்றுப்பாட்டு விஷயத்தில் அவர்களை வீராப்புக் காட்டச் சொல்வது நம் வேலை இல்லை.

கேள்வி கம்பெனிகளுக்குத்தான். எதற்கு எத்தனை மதிப்பெண் என்று விளம்பரத்திலேயே போடு. தேர்வாகாதவருக்குக் காரணத்தை எழுத்தில் கொடு. அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்பதை நிறுத்து. தனியார் துறையில் இட ஒதுக்கீடு கேட்டால் 'தரம்' போய்விடும் என்கிறாயே, அந்தத் தரத்தை எதை வைத்து அளக்கிறாய் என்று தாளை வெளியே காட்டு.