கேட்டுவிட்டுக் கட்டுங்கள்

வட சென்னையின் கொடுங்கையூர் மக்கள் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் எரிஉலை வேண்டாம் என்று தெருவுக்கு வந்தாலும் வந்தார்கள், அவர்களுக்குப் புத்தி சொல்ல ஆளாளுக்குக் கிளம்பிவிட்டார்கள். எதற்கெடுத்தாலும் எதிர்ப்பா, மின்சாரம் மட்டும் வேண்டும், மின்நிலையம் வேண்டாமா, குப்பையை வேறு எங்கேதான் கொட்டுவது என்று ஒரே பாட்டு. இந்த வாரமும் அதே பேச்சைக் கேட்டுக் காது புளித்துவிட்டது. 2025 மே மாதம் வட சென்னையில் மனிதச் சங்கிலியாகக் கைகோத்து நின்றவர்கள் மின்சாரத்துக்கு விரோதிகள் அல்ல. ஊர்க் குப்பையைப் பல பத்தாண்டுகளாகத் தங்கள் வாசலில் சுமந்தவர்கள். இனி அதன் புகையையும் சேர்த்துச் சுமக்கச் சொன்னால் அவர்கள் கேள்வி கேட்கத்தான் செய்வார்கள்.

நாமக்கல் பக்கத்து ராசிபுரத்துக்காரர்களான நமக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். இருக்கிறது. சென்னையில் குப்பையை எரித்து மின்சாரம் என்கிறார்கள். நம் பக்கம் வரும்போது அதே உலை ‘பயோமாஸ்’ என்ற பெயரில் வரும். விவசாயக் கழிவைத்தானே எரிக்கப்போகிறோம், இதில் என்ன கெடுதல் என்பார்கள். நம் ஊரில் அப்படியொரு நிலையம் வந்தால் நம்மை யாரும் கேட்கவே வேண்டியதில்லை என்று சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். எனக்கு ஆத்திரம் அதில்தான்.

மத்திய அரசின் 2006-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையைப் பாருங்கள். பெரிய ஆலை கட்டச் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டுமானால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். 30 நாள் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். திட்டத்தின் சுருக்கத்தை மக்களின் மொழியில் கொடுக்க வேண்டும். மாவட்ட ஆட்சியரோ அவருக்கு அடுத்த நிலை அதிகாரியோ தலைமை ஏற்க வேண்டும். பேசுவது அத்தனையும் வீடியோவில் பதிவாக வேண்டும். பள்ளிக்கூடம் பார்க்காத பாட்டி எழுந்து, ‘சாமி, என் கிணத்துல தண்ணி வத்திப்போனா யாரு பதில் சொல்றது?’ என்று கேட்டால் அதுவும் அரசுக் கோப்பில் ஏறும். அந்தக் கூட்டங்கள் எப்படி நடக்கின்றன என்பது நமக்குத் தெரியாததல்ல. ஆனாலும் ஏழையின் வாய்ச்சொல் அரசாங்கக் காகிதமாகிற இடம் நம் நாட்டில் இது போல் அதிகம் இல்லை.

அந்த அறிவிக்கையை 2009-இல் திருத்தினார்கள். பயோமாஸை எரித்து 15 மெகாவாட் வரை மின்சாரம் எடுக்கும் நிலையங்களுக்கு இந்த அனுமதியே வேண்டாம் என்று விலக்கு கொடுத்துவிட்டார்கள். அனுமதி வேண்டாம் என்றால் கருத்துக் கேட்பும் கிடையாது. நிலக்கரி, பெட்ரோலியப் பொருள்களைத் துணை எரிபொருளாக 15 சதவீதம் வரை சேர்த்து எரித்தாலும் இந்த விலக்கு உண்டு. யாரைக் கேட்டு இந்த 15 என்ற எண்ணை வைத்தார்கள்? 16 மெகாவாட் புகை மூச்சை அடைக்கும், 14 மெகாவாட் புகை அடைக்காது என்று எந்த மருத்துவர் சொன்னார்?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். இத்தகைய நிலையத்தில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் ஒன்றேகால் கிலோ எரிபொருள் வேண்டும். 10 மெகாவாட் நிலையம் முழு வேகத்தில் ஓடினால் நாளுக்கு 2,40,000 யூனிட். அப்படியானால் நாளொன்றுக்கு 300 டன். பத்து டன் லாரிகளில் அடைத்து வந்தாலும் தினம் 30 லாரி. தழையும் தட்டும் எடை குறைவு, இடம் அடைக்கும் என்பதால் நிஜத்தில் இன்னும் கூடும். அத்தனையும் பள்ளிப் பிள்ளைகள் சைக்கிள் மிதிக்கும் கிராமத்துச் சாலையில் வரும். நீராவியைக் குளிர்விக்கத் தண்ணீரைப் பயன்படுத்தும் நிலையமானால் அதற்கு மட்டும் நாளுக்கு லட்சக்கணக்கான லிட்டர் வேண்டும். காவிரித் தண்ணீரைக் குழாயில் கொண்டுவந்து குடிக்கிற ஊர் ராசிபுரம். ஆழ்துளைக் கிணறு எத்தனை அடி போனால் ஈரம் தெரிகிறது என்பதை வெண்ணந்தூர், நாமகிரிப்பேட்டை விவசாயிகளிடம் போய்க் கேட்டுப் பாருங்கள்.

எதை எரிப்பார்கள் என்பதும் கேள்விதான். கழிவு என்கிறார்களே, விவசாயி வீட்டில் கழிவு என்று எது இருக்கிறது? சோளத்தட்டு மாட்டுக்கு. கடலைக்கொடி மாட்டுக்கும் ஆட்டுக்கும். பருத்திமார் அடுப்புக்கு. மரவள்ளிக் குச்சி அடுத்த போகத்துக்கு விதைக்கரணை. ராசிபுரம் நெய்க்கு ஊர் ஊராகப் பேர் இருக்கிறதென்றால் அந்த மாடுகள் தின்ற தட்டும் கொடியும் அதற்குக் காரணம். இவற்றை டன் கணக்கில் விலைக்கு வாங்க ஓர் உலை வந்து உட்கார்ந்தால் கோடையில் தீவன விலை என்ன ஆகும்? இரண்டு மாடு வைத்துப் பிழைக்கிற பெண் அந்த உலையோடு போட்டி போட்டுத் தட்டு வாங்க முடியுமா? தென் மாவட்டங்களில் இந்த நிலையங்கள் பெரும்பாலும் சீமைக்கருவேல விறகை நம்பித்தான் ஓடின. எரிபொருள் விலை ஏறியதும் கட்டுப்படியாகாமல் தமிழ்நாட்டில் பல நிலையங்களை மூடவும் செய்தார்கள். அங்கே கருவேலங்காடாவது இருந்தது. நமக்குப் போதமலையும் கொல்லிமலையும்தான் இருக்கின்றன. விறகுப் பசி எடுத்தால் எந்தப் பக்கம் கை நீளும் என்பதை இப்போதே யோசித்தாக வேண்டும்.

பயோமாஸ் படித்த நாடுகளில் எல்லாரும் ஏற்றுக்கொண்டது என்று சொல்வார்கள். அதுவும் சரியல்ல. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் மரத்தை எரிக்கும் 35 மெகாவாட் நிலையம் ஒன்றைக் கட்டப் பார்த்தார்கள். ஆஸ்துமா நோயாளிகள் மிகுந்த ஊர் அது. மக்கள் பத்து ஆண்டுகளுக்கு மேல் விடாமல் எதிர்த்தார்கள். 2021 ஏப்ரலில் மாநில அரசே அனுமதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அவர்களை யாரும் நாட்டின் வளர்ச்சிக்குப் பகைவர்கள் என்று சொல்லவில்லையா என்றால், அங்கேயும் சொல்லியிருப்பார்கள். அவர்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மின்சாரம் வேண்டாம் என்று இந்த இதழ் ஒருநாளும் சொல்லாது. விசைத்தறி ஓடும் மண் இது. ஆனால் எரிக்காமலேயே எடுக்கக் கூடிய சக்தி நம் காலடியில் நாறிக்கொண்டு கிடக்கிறது. இதைப் பல முறை எழுதியாகிவிட்டது, இன்னும் எழுதுவேன். சேலம், நாமக்கல் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளின் கழிவுநீரை மூடிய தொட்டியில் நொதிக்க வைத்தால் எரிவாயு கிடைக்கும். சில ஆலைகள் செய்துகாட்டியும் இருக்கின்றன. வெளியே விடும் தண்ணீரின் கெடுதலும் பெருமளவு குறையும். கோழிப்பண்ணை எச்சத்திலிருந்து எரிவாயு எடுத்து மின்சாரம் தயாரித்த அனுபவமும் நாமக்கல்லுக்கு உண்டு. ஜவ்வரிசி ஆலைகளுக்கு 1981 முதல் சேகோசர்வ் என்ற கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. சிறு ஆலைகள் சேர்ந்து பொதுவாக ஒரு எரிவாயுக் கலன் அமைக்கக் கடன் கொடுங்கள், மானியம் கொடுங்கள். திருமணிமுத்தாற்றுக் கரையில் மூக்கைப் பிடித்துக்கொண்டு நடப்பவர்களும் வாழ்த்துவார்கள். வெளியூர் முதலாளிக்கு உலை கட்டக் காட்டுகிற அவசரத்தில் பாதியை இதில் காட்டியிருந்தால் நம் ஏரிகள் பிழைத்திருக்கும்.

அந்த 15 மெகாவாட் விலக்கை நீக்க வேண்டியது டில்லி. அதுவரை தமிழக அரசு கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. இந்த விலக்குப் பெற்ற நிலையத்துக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு இல்லாமல் ஒரு செங்கல்கூட வைக்க முடியாது. 1974-ஆம் ஆண்டின் நீர்ச் சட்டம், 1981-ஆம் ஆண்டின் காற்றுச் சட்டம் இரண்டிலும் 18-ஆவது பிரிவு என்ன சொல்கிறது? மாநில அரசு எழுத்தில் கொடுக்கும் உத்தரவுக்கு வாரியம் கட்டுப்பட வேண்டும் என்கிறது. பயோமாஸோ குப்பையோ, எத்தனை மெகாவாட்டானாலும், அந்தந்த ஊரின் கிராம சபையிலோ நகராட்சி வார்டுக் கூட்டத்திலோ திட்டத்தைத் தமிழில் படித்துக் காட்டி, மக்கள் சொன்னதைப் பதிவு செய்த பிறகே இசைவு தர வேண்டும் என்று ஒரு பக்க உத்தரவு போதும். முதல்வர் அதில் இந்த வாரமே கையெழுத்திடலாம்.