பெருக்கிய வீட்டுக்குள் யாரை அழைப்போம்?

லூக்கா நற்செய்தியின் 11ஆம் அதிகாரத்தில் நம் ஆண்டவர் ஒரு வீட்டைப் பற்றிப் பேசுகிறார். ஒருவனை விட்டு வெளியேறிய தீய ஆவி திரும்பி வந்து பார்க்கிறது. வீடு பெருக்கித் துப்புரவாக இருக்கிறது. உடனே அது தன்னைவிடப் பொல்லாத ஏழு ஆவிகளைக் கூட்டி வந்து உள்ளே குடியேறிவிடுகிறது. மறைக்கல்வி வகுப்பில் இதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். ஆனால் அதன் பொருளை எனக்கு நன்றாக உணர்த்தியது எங்கள் வீட்டு மடிக்கணினிதான்.

சென்ற கோடை விடுமுறையில் கணினி மிக மெதுவாக ஓடியது. அப்பா அதைப் பழுதுபார்க்கும் கடை ஒன்றில் கொடுத்தார். கடைக்காரர் எங்கள் கோப்புகளைத் தனியே எடுத்து வைத்துக்கொண்டு, மற்றதையெல்லாம் அழித்து, விண்டோஸைப் புதிதாக நிறுவினார். "தேவையானது எல்லாம் போட்டுவிட்டேன்" என்று சொல்லித் தந்தார். திரையில் முப்பதுக்கும் மேற்பட்ட சின்னங்கள்! நாங்கள் பெருமைப்பட்டோம். அவற்றுள் ஒன்று, படங்களைத் திருத்தும் விலையுயர்ந்த மென்பொருள். பணம் கட்டாமல், பூட்டை உடைத்துப் போடப்பட்டது. அது ஓடுவதற்காக வைரஸ் தடுப்பை அவர் அணைத்து வைத்திருந்தார் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

மூன்று வாரங்கள் சென்றன. ஒருநாள் காலையில் எந்தக் கோப்பும் திறக்கவில்லை. பணம் அனுப்பினால் திறந்து விடுவோம் என்ற மிரட்டல் மட்டும் திரையில் இருந்தது. அம்மாவின் மகளிர் குழுக் கணக்கு போயிற்று. அதை அம்மா நோட்டைப் பார்த்து மறுபடியும் எழுதிவிட்டார். ஆனால், காலஞ்சென்ற எங்கள் பாட்டி செபமாலை சொல்லும் குரலை நான் அதில் பதிந்து வைத்திருந்தேன். அதை எந்த நோட்டைப் பார்த்து எழுதுவது?

மறுபடியும் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டியதாயிற்று. இம்முறை கல்லூரியில் படிக்கும் அக்காவே அதைச் செய்தாள். விண்டோஸை நிறுவி, அதன் பாதுகாப்புத் திருத்தங்களையும் இறக்கி முடித்தபின், என் கையில் ஒரு தாளைக் கொடுத்தாள். "மென்பொருளின் பெயரை எழுதாதே. நம் வீட்டில் இதில் என்ன வேலை நடக்கிறது என்று எழுது" என்றாள்.

இந்த ஒரு வரிதான், தோழியரே, நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவது. வேலையை எழுதினால் பட்டியல் சிறிதாகிவிடுகிறது. நான் எழுதியவை ஐந்தே. இணையத்தில் பாடம் தேடுவது, கடிதமும் கணக்கும் எழுதுவது, பாடநூல்களைத் திறந்து படிப்பது, பாட்டும் படமும் கேட்பது பார்ப்பது, தமிழில் தட்டச்சு செய்வது.

இவற்றுக்கு நாங்கள் நிறுவியவை மூன்றே. இணையத்துக்கு ஃபயர்ஃபாக்ஸ். பிடிஎஃப் வடிவிலுள்ள பாடநூல்களையும் அதுவே திறந்துவிடுகிறது. கடிதத்துக்கும் கணக்குக்கும் லிப்ரே ஆபீஸ். பாட்டுக்கும் படத்துக்கும் விஎல்சி. தமிழ் எழுதத் தமிழ்99 விசைப்பலகை விண்டோசிலேயே இருக்கிறது. அமைப்பில் சேர்த்துக்கொண்டால் போதும். உயிரெழுத்துகள் இடக்கைக்கும் மெய்யெழுத்துகள் வலக்கைக்கும் வரும்படி அமைந்த இந்த முறையைத் தமிழ்நாடு அரசு 1999இல் ஏற்றது. வைரஸ் தடுப்பும் விண்டோசுடன் வருவதே. அதை அணைக்காமல் இருப்பதுதான் நம் வேலை.

"பணம் கொடுக்காமல் எடுப்பது தவறு என்றால் இவையும் அப்படித்தானே?" என்று ஒரு தோழி கேட்டாள். நல்ல கேள்வி. ஆனால் கொடுத்ததைப் பெறுவது வேறு, கொடுக்காததை எடுப்பது வேறு. விஎல்சி 1996இல் பாரிஸ் நகருக்கு அருகிலுள்ள பொறியியல் கல்லூரி ஒன்றில் மாணவர்கள் தொடங்கிய முயற்சி. 2001இல் அதை எல்லோரும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம் என்று உலகுக்கு அளித்தார்கள். லிப்ரே ஆபீசும் 2010 முதல் அவ்வாறே வழங்கப்படுகிறது. இவை அன்பளிப்புகள். பூட்டுடைத்த மென்பொருளோ ஏழாம் கட்டளையை மீறுவது. கடையில் ஒரு பென்சிலைத் திருட அஞ்சும் நாம், ஆயிரக்கணக்கான ரூபாய் பெறுமானமுள்ளதை "எல்லோரும்தான் செய்கிறார்கள்" என்று ஏற்பது எவ்வகையில் நியாயம்?

லிப்ரே ஆபீசில் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. வேறு மென்பொருளில் செய்த கோப்பைத் திறந்தால் சில வேளை வரிகள் இடம் மாறிவிடுகின்றன. அதைச் சரிசெய்யப் பத்து நிமிடம் ஆகிறது. பாட்டியின் குரலை இழந்ததோடு ஒப்பிட்டால் பத்து நிமிடம் பெரிதல்ல.

"இருந்துவிட்டுப் போகட்டும், என்றைக்காவது உதவும்" என்பது இன்னொரு வாதம். அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு. கணினியைத் திறந்தவுடன் தானாகவே ஓடத் தொடங்கும் மென்பொருள்கள் நினைவகத்தைப் பங்குபோட்டுக் கணினியைத் தளர்த்துகின்றன. திருத்தங்கள் இறக்காமல் கிடக்கும் மென்பொருள், தாழ்ப்பாள் இல்லாத சன்னல். தேவை வரும்போது நிறுவிக்கொள்ளலாமே! அப்போதும், தயாரித்தவர்களின் சொந்தத் தளத்திலிருந்தே இறக்க வேண்டும். படிக்காமல் "அடுத்து, அடுத்து" என்று அழுத்தினால், கேட்காதவையும் கூடவே நுழைந்துவிடும்.

என் தம்பி ஆறாவதாக ஒரு வேலையை எழுதச் சொன்னான்: விளையாட்டு! அக்கா மறுக்கவில்லை. 2025 செப்டம்பர் 7 அன்று புனிதராக உயர்த்தப்பட்ட கார்லோ அக்குதிஸ், நற்கருணைப் புதுமைகளைத் தொகுத்து இணையத்தில் வைத்தவர். 15 வயதில், 2006இல் இறைவனடி சேர்ந்தார். அவரும் கணினி விளையாட்டுகளை விரும்பியவர்தாம். ஆனால் வாரத்துக்கு ஒரு மணி நேரம் என்று தமக்குத்தாமே எல்லை வகுத்துக்கொண்டவர். தம்பிக்கும் ஒரு விளையாட்டு கிடைத்தது, எல்லையும் கிடைத்தது.

இறுதியாக ஒன்று. எந்தப் பட்டியலிலும் முதலில் இருக்க வேண்டியது மென்பொருளே அன்று. அரியவற்றை இன்னோர் இடத்திலும் படியெடுத்து வைக்கும் பழக்கம் அது. இப்போது ஞாயிறுதோறும் பூசை முடிந்து வந்ததும், எங்கள் கோப்புகளைத் தனி வட்டு ஒன்றில் படியெடுத்து, அதைக் கழற்றி அலமாரியில் வைத்துவிடுகிறேன். பாட்டியின் குரல் அதில் இல்லை. தாத்தாவின் குரல் இருக்கிறது.

பெற்றோர்களே, புதிதாக்கிய கணினியைக் கடையிலிருந்து வாங்கும்போது, எத்தனை மென்பொருள்கள் போட்டிருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்து மகிழாதீர்கள். அவை ஒவ்வொன்றும் எதற்காக, எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். வீட்டைப் பெருக்குவது ஒருநாள் வேலை. வாசலைக் காப்பது அன்றாடக் கடமை.

– பத்தாம் வகுப்பு மாணவி