தனித்து உழைப்போர் ஒருநாள் கூடட்டும்



இவ்வாரச் சிந்தனைக்கு நம் ஊர்ப்புறத்தின் உழைப்பைப் பற்றிய ஒரு காரியத்தை எடுத்துக்கொள்கிறேன். வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் மாதச் சம்பளம் என்ற ஒன்றை அறியாத பலர் நம் நடுவே வாழ்கிறார்கள். வீட்டுத் திண்ணையில் ரவிக்கை தைத்துக் கொடுக்கும் சகோதரி, திருமணங்களுக்குப் படம் பிடித்து இரவெல்லாம் ஆல்பம் தயாரிக்கும் இளைஞர், வீடு வீடாக மின்கம்பி வேலை பார்ப்பவர், சென்னையிலுள்ள ஒரு நிறுவனத்துக்கு மடிக்கணினியில் வடிவமைத்தும் மொழிபெயர்த்தும் அனுப்புகிறவர், வில்லியனூரின் சுடுமண் சிற்பங்களைச் செய்பவர் ஆகிய இவர்கள் எல்லோரும் ஒரே வகையினர். நகரத்தார் இவர்களில் சிலரை ‘ஃப்ரீலான்சர்’ என்கிறார்கள். நம் ஊரில் ‘சொந்தமாக வேலை எடுத்துச் செய்கிறார்’ என்று சொல்லி முடித்துவிடுகிறோம். இவர்களுக்கு முதலாளி இல்லை. அதுபோலவே உடன் வேலை செய்யும் தோழரும் இல்லை.

இவர்கள் ஆண்டுக்கு ஒருநாளாவது நம் மண்ணிலேயே கூடி, தங்கள் தொழிலைக் குறித்துத் தாங்களே பேசும் ஒரு மாநாட்டை நடத்த வேண்டும் என்பது என் கருத்து. நகரத்துப் பெரிய விடுதிகளில் நடப்பவற்றைப் பார்த்துச் செய்யும் நகலாக அது இருக்கலாகாது. ஏன் கூட வேண்டும், எப்படிக் கூட வேண்டும் என்பதை உங்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறேன்.

தனிமை ஒருவருடைய மனதை வாட்டுகிறது என்பதை நாம் அறிவோம். அது அவருடைய கூலியையும் குறைக்கிறது என்பதை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. ஒரே தெருவில் தையல் வேலை செய்யும் இருவர், ஒருவர் வாங்கும் விலையை மற்றவர் அறியாதிருந்தால், வேலை கொடுப்பவர் இருவரிடமும் ‘அங்கே இதைவிடக் குறைவாகத் தைத்துத் தருகிறார்கள்’ என்று சொல்ல முடியும். இருவரும் அதை நம்பி இறங்கி வருவார்கள். வேலை முடிந்த பின்பு ‘அடுத்த வாரம் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்’ என்ற சொல்லை மூன்று மாதம் கேட்கிறவர், அது தமக்கு மட்டும் நேர்ந்த அவமானம் என்று எண்ணி வெளியே சொல்லாதிருக்கிறார். ஒரு வாரம் காய்ச்சல் வந்தால் அந்த வாரம் அடுப்பு எரிவது கடினம். இவை தனித்தனியான துரதிர்ஷ்டங்கள் அல்ல என்பது, நாற்பது பேர் ஓரிடத்தில் அமர்ந்து பேசும்போதுதான் புலப்படும்.

அப்போஸ்தலனாகிய பவுல் கொரிந்து பட்டணத்துக்கு அந்நியனாக வந்தபோது யார் வீட்டில் தங்கினார் என்பதை நினைவுகூருங்கள். ரோமாபுரியிலிருந்து வெளியேற்றப்பட்டு வந்திருந்த ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் என்னும் தம்பதியர் வீட்டில் தங்கினார். அவர்களும் கூடாரம் செய்கிறவர்கள், இவரும் கூடாரம் செய்கிறவர் என்பதையே அதற்குக் காரணமாக வேதம் குறிப்பிடுகிறது. ஊழியத்தின் மாபெரும் தோழமை ஒன்று, தொழில் ஒன்றாயிருந்தபடியால் தொடங்கியது. தொழிலைக் குறித்த சந்திப்பை உலகக் காரியம் என்று தள்ளிவிடுகிறவர்கள் இதைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

நம் நாட்டிலேயே இதற்கு ஒரு பெரிய முன்மாதிரி உண்டு. அகமதாபாத்தில் எலா பட் அம்மையார் 1972-ஆம் ஆண்டு ‘சேவா’ என்னும் சுயதொழில் பெண்கள் சங்கத்தைத் தொடங்கினார். அதைத் தொழிற்சங்கமாகப் பதிவு செய்ய அதிகாரிகள் முதலில் தயங்கினார்கள். ‘இவர்களுக்கு முதலாளியே இல்லையே, யாரை எதிர்த்துப் போராடப் போகிறார்கள்?’ என்பதே அவர்களுடைய தடை. சங்கம் என்பது ஒருவரை எதிர்ப்பதற்காக மட்டும் உண்டாவதன்று, உழைப்பவர்கள் ஒன்றாயிருப்பதற்காகவும் உண்டாவது என்று அம்மையார் வாதிட்டு வென்றார். இரண்டே ஆண்டுகளில், 1974-இல், நாலாயிரம் பெண்கள் ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டுத் தங்களுக்கென ஒரு வங்கியையும் நிறுவினார்கள். தலைச்சுமை தூக்கியவர்களும் தெருவில் காய்கறி விற்றவர்களும் செய்த காரியம் இது.

கூடிப் பேசுவதால் கையில் என்ன கிடைக்கும் என்று கேட்பீர்கள். ஓர் உதாரணம் சொல்கிறேன். குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டம் 2006 என்று ஒரு சட்டம் இருக்கிறது. குறுந்தொழில் அல்லது சிறுதொழிலாகப் பதிவு செய்துகொண்ட ஒருவர் பொருளோ சேவையோ கொடுத்தால், அதைப் பெற்றுக்கொண்டவர் பேசிய தேதிக்குள் பணம் கொடுக்க வேண்டும். எழுத்தில் என்ன பேசியிருந்தாலும் அந்தத் தவணை 45 நாட்களைத் தாண்டலாகாது. தவணையே பேசவில்லையென்றால் 15 நாட்களுக்குள் கொடுத்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல மும்மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டுவட்டியாக ஏறும். ‘உத்யம்’ என்னும் அந்தப் பதிவுக்குக் கட்டணம் இல்லை. வேலையை ஒப்புக்கொள்ளும் முன்பே பதிவு செய்துகொள்வது பாதுகாப்பானது. ஒரே ஆளாக மடிக்கணினியில் சேவைத்தொழில் செய்கிறவரும் பதிவு செய்யலாம். நம் தெருவில் எத்தனை பேர் இதை அறிவார்கள்? அறிந்த ஒருவர் அறியாத நாற்பது பேருக்குச் சொல்ல ஒரு முற்பகல் போதும்.

இந்த எண்ணிக்கை சிறிதன்று என்பதையும் கவனியுங்கள். நிதி ஆயோக் 2022-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, நிலையான வேலைக்கு வெளியே துண்டு துண்டாக வேலை எடுத்துச் செய்யும் ‘கிக்’ தொழிலாளர் 2020-21-ஆம் ஆண்டில் இந்தியாவில் 77 லட்சம் பேர். 2029-30-இல் அவர்கள் 2.35 கோடியாக உயர்வார்கள் என்பது அதன் மதிப்பீடு. 2020-இல் இயற்றப்பட்ட சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அவர்களைப் பெயர் சொல்லி அங்கீகரித்திருக்கிறது. நம் பிள்ளைகளில் பலர் அந்த வழியில்தான் நடக்கப் போகிறார்கள். அவர்களுக்கு வழித்துணை வேண்டாமா?

‘இதெல்லாம் சென்னைக்கும் பெங்களூருக்கும் சரி, நம் ஊருக்கு எதற்கு?’ என்பது அடுத்த தடை. இதற்கு நம் ஊரின் சரித்திரமே பதில் சொல்லுகிறது. ஒன்பதாம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் நிருபதுங்கன் காலத்தில், பாகூரிலிருந்த ஒரு கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களின் வருவாய் அளிக்கப்பட்டதைப் பாகூர்ச் செப்பேடு சொல்லுகிறது. 1998-இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கிராம அறிவு மையங்களைத் தொடங்கியபோது, வில்லியனூரையே நடுவமாகக் கொண்டு சுற்றுக் கிராமங்களுக்குக் கணினி வழியாகச் செய்தி அனுப்பியது. இணையம் என்ற சொல்லையே பலர் கேட்டிராத நாட்கள் அவை. வில்லியனூர் வழியாகச் செல்லும் ரயில் பாதையின் மறுமுனையாகிய விழுப்புரத்தில், 2023 ஜனவரியில், கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் டெபியன் சமூகத்தின் மாநாடு ஒன்றைத் தன்னார்வத்தாலேயே நடத்திக் காட்டினார்கள். ஆகையால் ‘நம்மால் ஆகாது’ என்று சொல்வதற்கு நமக்கு நியாயம் இல்லை.

மூன்றாவது தடை உண்மையானது. அதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஒருநாள் மாநாட்டுக்கு வந்தால் ஒருநாள் வருமானம் போய்விடும். சம்பளத்தோடு விடுப்பு எடுத்துவரும் அதிகாரிக்கும் இவருக்கும் உள்ள வித்தியாசம் அதுவே. பாகூர் ஏரிப் பாசனத்தை அறிந்தவர்களுக்குக் கடைமடை என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. மதகருகே நிலமுள்ளவர் கூட்டத்துக்கு வராவிட்டாலும் அவர் வயலுக்குத் தண்ணீர் பாய்ந்துவிடும். கடைமடைக்காரர் வராவிட்டால் அவரை நினைப்பாரில்லை. ஆனால் வரமுடியாத அளவுக்கு நெருக்கடியில் இருப்பவரும் பெரும்பாலும் அவரே. கூடிய பேர் எத்தனை என்று எண்ணி ஒரு மாநாட்டை மதிப்பிடாதீர்கள். கடைமடையிலிருந்து எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணுங்கள்.

அப்படியானால் ஏற்பாடு செய்கிறவர்கள் சில காரியங்களில் உறுதியாயிருக்க வேண்டும்.

முதலாவது, இடம். எந்தத் தெருக்காரரும் தயக்கமின்றி நுழையக்கூடிய இடமாக அது இருக்க வேண்டும். ஒரு சாதியாருக்குச் சொந்தமான மண்டபத்தில் வைத்துவிட்டு ‘யாவரும் வருக’ என்று சுவரொட்டி ஒட்டுவது அழைப்பாகாது. மேலே சொன்ன அறிவு மையங்களைத் தொடங்கியபோதும், சாதி, ஆண் பெண் வேறுபாடின்றி யாவரும் உள்ளே வர ஊரார் சம்மதிக்க வேண்டும் என்பது ஒரு நிபந்தனையாக இருந்தது. தேவாலய மண்டபத்திலும் இதே எச்சரிக்கை வேண்டும். நம் வாசலில் கால் வைக்கத் தயங்குவோரும் உண்டு. அரசுப் பள்ளி ஒன்று கிடைக்குமானால் அதுவே நலம்.

இரண்டாவது, நேரம். முகூர்த்த நாளில் வைத்தால் புகைப்படக்காரரும் சமையற்காரரும் வரமாட்டார்கள். பண்டிகைக்கு முந்திய வாரங்களில் தையற்காரருக்குத் தலைநிமிர நேரமிராது. மாலையில் கடைசிப் பேருந்துக்கு முன்பே முடித்துவிட வேண்டும். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் அறையும் இரண்டு பெரியவர்களும் இல்லாவிட்டால், வீட்டிலிருந்தே உழைக்கும் பெண்களை நாம் அழைக்கவில்லை என்றே பொருள்.

மூன்றாவது, மேடை. பொன்னாடையும் நினைவுப்பரிசும் வரவேற்புரையும் சேர்ந்து பாதி நாளைத் தின்றுவிடும். சிறப்பு விருந்தினர் இல்லாமலே ஒரு கூட்டம் நடத்த முடியும். பேசுகிறவர் பேசும் நேரம் ஒரு பங்கானால், வந்தவர்கள் தங்களுக்குள் பேசும் நேரம் இரண்டு பங்காயிருக்கட்டும். எல்லாம் தமிழில் நடக்கட்டும். வரவு செலவுக் கணக்கை அன்று மாலையே கரும்பலகையில் எழுதிக் காட்டுங்கள். மிச்சம் பத்து ரூபாயானாலும் எழுதுங்கள். அடுத்த ஆண்டு மாநாட்டுக்கு அந்த நம்பிக்கையே முதலீடு.

நான்காவது, நோக்கம். எபேசு பட்டணத்தில் தெமேத்திரியு என்னும் வெள்ளித் தட்டான் தன் தொழிலாளரை ஒன்றுகூட்டினான். அதுவும் ஒரு தொழிற்கூட்டமே. ஆனால் அது கலகமாக மாறி, அரங்கசாலையில் இரண்டுமணி நேரம் கூச்சலாயிற்று. கூடியிருந்தவர்களில் அநேகருக்குத் தாங்கள் வந்த காரணமே தெரியவில்லை என்று லூக்கா எழுதுகிறார். கூட்டம் கூட்டுவதற்கு முன்பு ஒவ்வொருவரும் இந்த வரலாற்றை வாசிப்பது நல்லது. பிழைப்பைக் காக்கக் கூடுவது குற்றமன்று. அயலான்மேல் வெறுப்பை மூட்டிப் பிழைப்பைக் காக்க எண்ணுவதே குற்றம். நம் மாநாடு முடிந்து வீடு திரும்பும்போது மூன்று காரியங்கள் கையிலிருந்தால் போதும்: இதற்குக் கீழே நாம் யாரும் இறங்கமாட்டோம் என்று ஒவ்வொரு தொழிலாரும் பேசி முடித்த ஒரு விலை, எவரும் பயன்படுத்தத்தக்க ஒரு பக்க ஒப்பந்தப் படிவம், நோயுற்றால் வேலையை நம்பி ஒப்படைக்கத்தக்க இரண்டு பேருடைய தொலைபேசி எண்.

வருகிறவர்களுக்கும் கடமை உண்டு. கேட்பதற்கு மட்டும் வராதீர்கள். நீங்கள் வாங்கும் கூலியை மறைக்காமல் சொல்ல வாருங்கள். அது கூச்சமாயிருக்கும். ஆனால் எல்லோரும் மறைத்தால் வந்த பயன் ஒன்றுமில்லை. தெரிந்தவர் பக்கத்திலேயே நாள் முழுதும் அமராமல், வேறு தொழிலார் ஒருவரோடும் வேறு ஊரார் ஒருவரோடும் பேசுங்கள். வடிவமைப்பாளருக்கு மொழிபெயர்ப்பாளரால் வேலை வரும். சுடுமண் கலைஞருக்குப் புகைப்படக்காரரால் வாடிக்கையாளர் வருவார். மாலையில் நாற்காலிகளை மடித்து வைத்துவிட்டுப் போங்கள்.

சபையாராகிய நமக்கு இதில் என்ன பங்கு என்பதையும் சொல்லி முடிக்கிறேன். ஆண்டுதோறும் மூன்று நாள் கன்வென்ஷன் நடத்தி நமக்குப் பழக்கம் உண்டு. பந்தல், ஒலிபெருக்கி, ஐந்நூறு பேருக்கு உணவு, தண்ணீர், வரிசை இவற்றையெல்லாம் செய்யத் தெரிந்த கரங்கள் நம்மிடம் இருக்கின்றன. அந்தக் கரங்களை இந்த மாநாட்டுக்கு ஒருநாள் கடனாகக் கொடுப்போம். பதிலுக்குப் பிரசங்கம் செய்ய நேரம் கேட்க வேண்டாம். வந்தவர்களில் பல மார்க்கத்தார் இருப்பார்கள்; பரிமாறும் கை பேசினாலே போதும்.

அதற்கும் முன்பாகச் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஒலிபெருக்கி அமைத்தவர், அழைப்பிதழ் வடிவமைத்தவர், பண்டிகைக்குப் படம் பிடித்தவர், பாடகர் குழுவுக்கு உடை தைத்தவர் ஆகிய இவர்களும் தனித்து உழைப்போரே. ‘ஆலய வேலைதானே, பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று அவர்களுடைய கூலியை நாம் நிறுத்தி வைக்கலாகாது. கூலிக்காரனுடைய கூலி இரவு முழுதும் நம்மிடத்தில் தங்கியிருக்கலாகாது என்பது மோசேயின் நியாயப்பிரமாணம். சட்டம் 45 நாள் தவணை கொடுக்கலாம். நமக்குக் கொடுக்கப்பட்ட தவணை சூரிய அஸ்தமனம் மட்டுமே.

எருசலேமின் அலங்கம் இடிந்துகிடந்தபோது அதைக் கட்டினவர்களின் பட்டியலை நெகேமியா எழுதி வைத்திருக்கிறார். அதில் தட்டார் இருக்கிறார்கள், தைலக்காரர் இருக்கிறார்கள், வியாபாரிகள் இருக்கிறார்கள், தகப்பனோடு சேர்ந்து கட்டின சல்லூமின் குமாரத்திகளும் இருக்கிறார்கள். அவரவர் தம் பங்கைக் கட்டினார்கள். ஒருவர் பங்கு முடிந்த இடத்தில் அடுத்தவர் பங்கு தொடங்கியது.

பிரியமானவர்களே, இவ்வாரம் ஒரு தாளை எடுத்து, உங்கள் தெருவில் தனித்து உழைக்கும் ஐந்து பேருடைய பெயரை எழுதுங்கள். அவர்களில் யாருக்காவது நீங்கள் பாக்கி வைத்திருந்தால் முதலில் அதைத் தீர்த்துவிடுங்கள். பிறகு அந்த ஐவரையும் ஒரு மாலைத் தேநீருக்கு அழையுங்கள். மாநாடு அந்தத் தேநீரிலிருந்து தொடங்கட்டும். உங்கள் கைகளின் பிரயாசத்தைக் கர்த்தர் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.